சானடோரியத்தில் இறங்கினேன்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில், குரோம்பேட்டை தாண்டியதும் ஒரு நிலையம் வரும். பலகையில் ‘தாம்பரம் சானடோரியம்’ என்று எழுதியிருக்கும். ஆபீஸ் போகிறவர்களும் கல்லூரிப் பெண்களும், “சானடோரியத்துல இறங்கணும், கொஞ்சம் வழி விடுங்க” என்று தினமும் சொல்லிக்கொண்டு இறங்குகிறார்கள். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று நின்று யோசிக்க யாருக்கு நேரம்? காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்காத காலத்தில், நோயாளிகள் வீடு வாசலை விட்டு வந்து மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் தங்கி, நல்ல காற்று, நல்ல சாப்பாடு, பூரண ஓய்வு என்று உடம்பைத் தேற்றிக்கொண்ட இடத்துக்குத்தான் அந்தப் பெயர்.

அந்த வழியாக நானும் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். தாம்பரத்தில் உறவுக்காரர் வீட்டு வளைகாப்புக்கு, குழந்தையோடு வண்டலூர் மிருகக்காட்சிசாலைக்கு என்று. சானடோரியத்தில் இறங்கியது மட்டும் கிடையாது. போன மாதம், அதற்காகவே ஒரு நாள் புறப்பட்டேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சென்ற வருஷம் எனக்குக் காசநோய் வந்தது. மறைக்க இதில் என்ன இருக்கிறது, சகோதரிகளே! சர்க்கரை வியாதி, ரத்தக்கொதிப்பு என்றால் நாலு பேரிடம் சொல்கிறோம். இதை மட்டும் முந்தானைக்குள் முடிந்து வைத்துக்கொள்கிறோம். வயது எனக்கு 43. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். முதல் இரண்டு மாதம் நாலு மருந்து சேர்ந்தது, அப்புறம் நாலு மாதம் மூன்று மருந்து சேர்ந்தது. எடைக்குத் தக்கபடி கணக்குப் பண்ணி அரசாங்க சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கொடுத்தார்கள். சத்துணவுக்கென்று மாதம் 1000 ரூபாய் பாங்கில் விழுந்தது. 2024 நவம்பருக்கு முன் அது 500 ரூபாயாக இருந்ததாம். முட்டை, பால், வேர்க்கடலை என்று என் நாத்தனார் அதைச் சரியாகச் செலவு செய்தாள். கடைசியில் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்துவிட்டது.

“மறுபிறவி எடுத்திருக்கே, கடவுளுக்கு நன்றி சொல்லு” என்றார்கள் எல்லாரும். விளக்கேற்றி நமஸ்காரம் பண்ணினேன். ஆனால் உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கவில்லை. உடம்பு தேறினாலும் மனசு தேறாது போலிருக்கிறது. இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கும். ராத்திரி யாராவது இருமினால் தூக்கிவாரிப் போடும். சமையலறையில் எனக்கென்று ஒதுக்கிய டம்ளர் இன்னும் தனியாகவே ஜன்னல் ஓரத்தில் இருந்தது. அதைப் பார்க்கிறபோதெல்லாம் நன்றி வரவில்லை, கோபம்தான் வந்தது. ஊரில் இத்தனை பேர் இருக்க, எனக்கு ஏன் வரவேண்டும்?

அந்தச் சமயத்தில்தான் எங்கள் டாக்டரம்மாவிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். நோய் என்று தெரிந்த புதிதில் ஒரு உறவுக்கார அம்மாள், “உன் பொண்ணை ஆறு மாசம் பாட்டி வீட்டுக்கு அனுப்பிடு” என்று சொல்லியிருந்தார். என் பெண் ஏழாம் வகுப்பு. டாக்டரம்மா அன்றைக்கே அதைத் தடுத்துவிட்டார். வீட்டில் எல்லாரையும் பரிசோதித்து, நோய் வராமலிருக்கத் தடுப்பு மாத்திரையும் கொடுத்துவிட்டு, “ஜன்னலைத் திறந்து வையுங்க, இருமும்போது வாயை மூடுங்க, மாத்திரையை ஒரு நாளும் விடாதீங்க. குழந்தை உங்களோடயே இருக்கட்டும்” என்றார்.

“எப்படி டாக்டர் அவ்வளவு தைரியமாச் சொன்னீங்க?” என்று இப்போது கேட்டேன்.

சிரித்தார். “நான் சொல்லலைம்மா. அந்தக் காலத்து மெட்ராஸ் குடும்பங்கள் சொல்லிக் கொடுத்தது. நம்ம ஊர்லதான் உலகத்துக்கே அது நிரூபணம் ஆச்சு. சேத்துப்பட்டுக்குப் போய்ப் பாருங்க” என்று சொல்லி, அந்தக் கதையையும் சொன்னார்.

ஒரு புதன்கிழமை, என் வீட்டுக்காரர் ஆபீஸ் போனபின், பெண்ணுக்குப் பள்ளி விடுமுறையாக இருந்ததால் அவளையும் அழைத்துக்கொண்டு சைதாப்பேட்டையில் ரயில் ஏறினேன். பையில் தயிர் சாதம், தண்ணீர், ஒரு விசிறி. முதலில் எதிர்த்திசையில் நாலு நிலையம் தள்ளிச் சேத்துப்பட்டு.

சேத்துப்பட்டில்தான் கணித மேதை ராமானுஜன் 1920 ஏப்ரல் 26-ம் தேதி ஒரு வீட்டில் காலமானார். 32 வயது. காசநோய் என்றுதான் அப்போது வைத்தியம் பார்த்தார்கள். வேறு நோயாக இருந்திருக்கலாம் என்று பிற்காலத்து மருத்துவர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். எதுவானால் என்ன? பக்கத்தில் இருந்து பணிவிடை செய்த மனைவி ஜானகிக்கு அப்போது இருபத்தொன்றுதான் இருக்கும். அதற்கப்புறம் தையல் வேலை செய்து பிழைத்து, 1994 வரை வாழ்ந்தார் அந்த அம்மாள். ரயிலில் இதைச் சொன்னபோது என் பெண் ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1956-ல் இது ஆரம்பித்தபோது பெயர் வேறு, ‘சென்னை மருந்து சிகிச்சை மையம்’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து தொடங்கியது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் அதை நடத்தினார்.

அப்போது நிலைமை என்ன? மருந்து வந்துவிட்டது. ஆனால் சானடோரியத்தில் சேர்ந்தால்தான் குணமாகும், வீட்டில் இருந்தால் மற்றவர்களுக்குத் தொற்றும் என்ற எண்ணம் மாறவில்லை. நாட்டில் நோயாளிகளோ லட்சக்கணக்கில். படுக்கைகளோ அதில் ஒரு சிறு பங்குக்குக்கூடப் போதாது. ஆகவே இருநூறுக்குச் சற்றே குறைவான சென்னை ஏழைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். சீட்டுக் குலுக்குவது மாதிரி, பாதிப் பேரைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். பாதிப் பேரை அவரவர் வீட்டிலேயே விட்டார்கள். மருந்து இருவருக்கும் ஒன்றேதான், ஒரு வருஷம்.

சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு, நல்ல ஓய்வு, காற்றோட்டம். வீட்டில் இருந்தவர்களுக்கோ நெரிசலான ஒற்றை அறை, அரைகுறைச் சாப்பாடு, வேலைக்குப் போகவேண்டிய கட்டாயம். மருந்து சாப்பிடுகிறார்களா என்று பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கே வந்து மாத்திரையை எண்ணுவார்களாம், சிறுநீர் பரிசோதனைக்கு எடுத்துப் போவார்களாம். முடிவு 1959-ல் வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமாகியிருந்தார்கள்! அதோடு விடவில்லை. கூட வசித்த குடும்பத்தாரை ஐந்து வருஷம் கவனித்தார்கள். சானடோரியத்துக்குப் போனவர்கள் குடும்பத்தைவிட இவர்களுக்கு நோய் அதிகம் வரவில்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்களின் காலம் முடிய இது ஒரு பெரிய காரணம் ஆயிற்று.

வாசலில் நின்று கட்டடத்தைப் பார்த்தேன். விசேஷமாக ஒன்றுமில்லை, மற்ற ஆபீஸ்களைப் போலத்தான் இருக்கிறது. ஆனால் எனக்குக் கால் நகரவில்லை. ‘உன் பிள்ளைகளை விட்டுப் போக வேண்டாம்’ என்று டாக்டரம்மா என்னிடம் சொன்ன அந்த ஒரு வார்த்தை இங்கே அல்லவா பிறந்தது!

திரும்பவும் ரயில். இந்தக் கடற்கரை – தாம்பரம் பாதையில் 1931-லேயே மின்சார ரயில் வந்துவிட்டது. பெண்கள் பெட்டியில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. கொய்யாப்பழக் கூடை, ஊக்கு–ஹேர்பின் விற்கிறவள், மல்லிகைச் சரம், யாரோ பிரிக்கும் எலுமிச்சை சாதத்தின் மணம். நோய்க் காலத்தில் ஒரு வாசனையும் பிடிக்காமல் இருந்த மூக்குக்கு இதுவே ஒரு விருந்து. சேத்துப்பட்டிலிருந்து எண்ணிக்கொண்டே வந்தோம். பரங்கிமலை, பழவந்தாங்கல், மீனம்பாக்கம், திரிசூலம் தாண்டி, பன்னிரண்டாவது நிலையம் சானடோரியம்.

டேவிட் சவுரிமுத்து என்ற டாக்டர் 1928-ல் இங்கே இந்த சானடோரியத்தைத் தொடங்கினார். இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பக்கம் சானடோரியம் நடத்திய தமிழர் அவர். ராமானுஜன் அங்கே இருந்தபோது சில காலம் அவரிடம்தான் சிகிச்சை பெற்றார். ஊரைவிட்டுத் தள்ளி, மரமும் காற்றுமாக இருந்த இடம் என்று இதைத் தேர்ந்தெடுத்தார். 1937-ல் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. இன்றைக்கு அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. 1990-களில், எச்.ஐ.வி. நோயாளிகளைத் தொடவே மற்றவர்கள் பயந்தபோது, அவர்களைச் சேர்த்துக்கொண்ட இடமும் இதுதான்.

நிலையத்துப் படிகளை நின்று நின்றுதான் ஏறி இறங்கினேன். வாசல் பக்கம் ஒரு ஆயா பூ கட்டிக்கொண்டிருந்தார்.

“யாரைப் பாக்க வந்தே கண்ணு?”

“யாரையும் இல்லை ஆயா. சும்மா பார்க்க வந்தேன்.”

“சும்மாவா? இங்க யாரும்மா சும்மா வருவாங்க!”

உண்மையைச் சொன்னேன். எனக்கு அந்த நோய் வந்து சரியாகிவிட்டது, இந்த இடத்தைப் பார்க்க ஆசை என்று. அவர் ஒரு நொடி என்னை ஏற இறங்கப் பார்த்தார். ‘தள்ளி உட்காரச் சொல்வாரோ’ என்று எனக்கு உள்ளே பதறியது. அவரோ சாக்கை நகர்த்தி எனக்கும் இடம் விட்டார்.

“எங்க அத்தை சொல்லும். அந்தக் காலத்துல ரயிலு இந்த எடத்துக்கு வந்தா ஜனங்க மூக்கை மூடிக்குவாங்களாம். புருஷன்காரன் கொண்டாந்து உட்டுட்டுப் போவானாம். திரும்பி வர்றவன் வருவான், வராதவன் வரமாட்டான். புள்ளைங்கள தூரத்துலேர்ந்து காட்டிட்டுப் போவாங்களாம்” என்றார். பேச்சோடு பேச்சாக ஒரு முழம் கதம்பத்தை என் பெண் தலையில் தானே வைத்துவிட்டார். காசு கொடுத்தபோது வாங்க மறுத்து, அப்புறம் நான் வற்புறுத்தியதால் வாங்கிக்கொண்டார்.

உள்ளே கொஞ்ச தூரம் நடந்தோம். மாஸ்க் போட்டுக்கொண்டுதான். மர நிழலில் நோயாளிகளின் உறவுக்காரர்கள் டிபன் காரியரைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு இளம் தாய், இடுப்பில் கைக்குழந்தையோடு, கையில் எக்ஸ்ரே உறையோடு போனாள். ஒரு காலத்தில் இந்த மரங்களுக்கு அடியில் எத்தனை அம்மாக்கள் கட்டிலில் படுத்தபடி, தூரத்தில் ரயில் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, “என் குழந்தை இன்னிக்குச் சாப்பிட்டுதோ, யார் தலை பின்னினாங்களோ” என்று ஏங்கியிருப்பார்கள்! நான் அந்த ஆறு மாதமும் படுத்திருந்தது என் வீட்டில். என் பெண் பள்ளியிலிருந்து வரும் செருப்புச் சத்தம் தினமும் என் காதில் விழுந்தது. அலுப்போடு அவள் சொன்ன வாய்ப்பாடு, மிக்ஸி ஓடுவது, என் வீட்டுக்காரர் குழம்பில் உப்பை அள்ளிப் போட்டுவிட்டு முழிப்பது, எல்லாமே!

அங்கேதான் எனக்கு நன்றி வந்தது, சகோதரிகளே. அது பொங்கி வரவில்லை, கிணற்றில் நீர் ஊறுகிற மாதிரி வந்தது. பெயர் தெரியாத அந்த ஏழைக் குடும்பங்களை நினைத்தேன். எந்தப் பக்கம் விழும் என்று தெரியாமலே சீட்டுக்குக் கட்டுப்பட்டார்கள். கதவைத் தட்டியவர்களிடம் மாத்திரையை எண்ணிக் காட்டினார்கள். அவர்கள் குடிசையில் பட்ட சிரமம்தான், எழுபது வருஷம் கழித்து, என் குழந்தையை என் பக்கத்தில் இருக்க வைத்தது. ‘எனக்கு ஏன் வந்தது’ என்பதற்கு இன்னும் பதில் தெரியாது. ‘எனக்கு எப்படிக் குணமாயிற்று’ என்பதற்குத் தெரிந்துவிட்டது. பல பேர் சேர்ந்து குணப்படுத்தியிருக்கிறார்கள்.

பழைய வாழ்க்கைக்குத் திரும்புவது ஒரே நாளில் நடக்கிற காரியமில்லை. இதே மாதிரி பெரிய நோயிலிருந்து எழுந்திருக்கும் சகோதரிகளுக்கு என் அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன். வாரத்துக்கு ஒரு வேலையைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் வாசல் கோலம் மட்டும். அடுத்த வாரம் காலைக் காபி. அப்புறம் பெண்ணுக்குத் தலை பின்னுவது. தண்ணீர்க் குடம் தூக்குவது கடைசியாக இருக்கட்டும். ஒவ்வொரு வேலை திரும்பக் கைக்கு வரும்போதும், ‘இது எனக்குக் கிடைத்தது’ என்று மனசுக்குள் ஒரு தரம் சொல்லிக்கொள்ளுங்கள். நன்றி என்று தனியாக உட்கார்ந்து முயற்சி பண்ணத் தேவையில்லை. மூச்சு வாங்கினால் வெட்கப்படாமல் உட்காருங்கள். டாக்டர் வரச் சொன்ன தேதிகளை மட்டும் தவறவிடாதீர்கள்.

வீட்டில் நலமாக இருக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் தெருவில், உறவில், யாராவது ஒரு பெண் இந்த மாத்திரை சாப்பிடுகிறாள் என்று தெரிந்தால், அவள் வீட்டுக்குப் போங்கள். இந்த நோய் காற்றில்தான் பரவும், தட்டாலும் டம்ளராலும் பரவாது. மருந்து ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்து இரண்டு வாரம் போனால், பொதுவாகப் பிறருக்குத் தொற்றும் தன்மை மிகவும் குறைந்துவிடுகிறது என்கிறார்கள் டாக்டர்கள். அவள் கொடுக்கிற காபியை வாங்கிக் குடியுங்கள். “இன்னும் எத்தனை மாசம் பாக்கி?” என்று கேளுங்கள். “விட்டுடாதே, முடிச்சுடு” என்று சொல்லுங்கள். பாதியில் நிறுத்தினால்தான் ஆபத்து. அந்த ஆயா சாக்கை நகர்த்தி இடம் விட்டாரே, அது எந்த டானிக்கிலும் கிடைக்காத பலம். அதைக் கொடுக்கக் காசு வேண்டாம், படிப்பும் வேண்டாம்.