நாலடி ஜாக்கி

சனி ஞாயிறு வந்தால் எங்கள் ஊர்ப் பக்கம் சென்னை, மதுரைப் பதிவு எண்ணோடு ஜீப்புகள் வர ஆரம்பித்துவிட்டன. கரிசல் காட்டுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். ஓட்டட்டும், காடு ஒன்றும் தேய்ந்துவிடாது. அந்த வண்டிகளில் பலவற்றில் பின்கதவிலோ பானெட் மேலோ சிவப்புப் பெயின்ட் அடித்த நாலடி இரும்புக் கம்பம் ஒன்று மாட்டியிருக்கும். உடம்பு முழுக்க வரிசையாய் ஓட்டை. டீக்கடையில் ஒரு பெரியவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது என்னய்யா, புல்லாங்குழலா?" என்று கேட்டார். வண்டிக்காரத் தம்பிக்குச் சிரிப்பு. ஆனால் அதை எப்படி இறக்குவது என்று கேட்டிருந்தால் அவருக்கும் தெரிந்திருக்காது. பெயின்ட் ஒரு இடத்தில்கூட உரியவில்லை.

அது ஒரு ஜாக்கி. ஹை-லிஃப்ட் என்பார்கள், ஃபார்ம் ஜாக் என்பார்கள். அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்து ப்ளூம்ஃபீல்டில் 1905-லிருந்து செய்கிறார்கள். ஜீப்புக்காகச் செய்த சாமானே இல்லை. அங்கேயும் விவசாயிதான் முதலில் வைத்திருந்தான். வேலிக்கம்பு பிடுங்க, தூர் தோண்ட, வண்டி தூக்க. என்னிடம் இருப்பதும் அப்படித்தான், ஜீப்பைத் தூக்கியதைவிடச் சீமைக்கருவேலந் தூர் பிடுங்கியதுதான் அதிகம். தூரைச் சுற்றிச் சங்கிலி போட்டு, ஜாக்கிக்குக் கீழே பலகை கொடுத்து, நின்றபடி கைப்பிடியை அடித்தால் ஆறு பேர் கடப்பாரையோடு மல்லுக்கட்டுகிற வேர் முனகிக்கொண்டே மேலே வரும்.

இதன் வேலை ரொம்ப எளிமையானது. பாட்டில் ஜாக்கியில் எண்ணெய் தூக்கும். இதில் எண்ணெய் கிடையாது, பல்சக்கரம் கிடையாது. கம்பத்து ஓட்டைகளில் மாறி மாறி நுழைகிற இரண்டு முளைகள்தான். ஒன்று பிடித்துக்கொண்டிருக்கும்போது மற்றது அடுத்த ஓட்டைக்கு ஏறும். பனை ஏறுகிறவர் காலும் கையுமாய் ஏறுவாரே, அதே கணக்கு. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் 'டக்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்கவில்லை என்றால் முளை முழுசாய் உட்காரவில்லை என்று அர்த்தம். பக்கத்தில் பேச்சுக் கொடுக்கிறவர்களை நான் விரட்டுவது அதற்குத்தான்.

சேற்றில் பாட்டில் ஜாக்கி வைக்க வண்டிக்கு அடியில் தவழ வேண்டும். இதற்கு அது தேவையில்லை, நின்றுகொண்டே பம்பரில் கொடுத்துத் தூக்கலாம். சுமார் 2 டன் தாங்கும். நல்லதுதான். ஆனால் அத்தனை பாரமும் மெல்லிய ஒற்றைக் கம்பத்தில், இரண்டு உள்ளங்கை அகலம் உள்ள அடித்தட்டில் நிற்கிறது. பக்கவாட்டில் அதைத் தாங்கிப் பிடிக்க ஒன்றுமே இல்லை. அதனால் இதைத் தூக்குகிற சாமானாக மட்டும் நினைக்க வேண்டும். தாங்கி நிற்கிற சாமானாக நினைத்து, டயரைக் கழற்றிவிட்டு அடியில் தலையை விடுகிற ஆளை என் வண்டிப் பக்கமே சேர்ப்பதில்லை.

பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தர், எனக்கு மச்சான் முறை. டிரெய்லரை இந்த மாதிரி ஜாக்கியில் தூக்கினார். தூக்கியதில் ஒரு குறையும் இல்லை. இறக்கும்போது சக்கரம் தரையைத் தொட்டுவிட்டதா என்று குனிந்து பார்த்திருக்கிறார், ஒரு கை கைப்பிடியில். வேர்வைக் கை வழுக்கிவிட்டது. கைப்பிடி மேலே எழும்பித் தாடைக்கு அடியில் அடித்தது. இரண்டு பல், தாடை எலும்பில் விரிசல். ஒன்றரை மாதம் கஞ்சித் தண்ணிதான். இப்போதும் அவர் முறுக்கு கடிப்பதில்லை.

ஏன் அப்படி அடிக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி ஆபத்து போய்விடும். ஏற்றும்போது கைப்பிடியை நாம் தள்ளுகிறோம். இறக்கும்போது வண்டியின் எடை கைப்பிடியைத் தள்ளுகிறது. நாம் செய்வதெல்லாம் அதை ஒவ்வொரு ஓட்டையாய் விட்டுக்கொடுப்பதுதான். கை விட்டுப்போனால் முளைகள் தாமாகவே மாறி மாறி இறங்க ஆரம்பிக்கும், கைப்பிடி மேலும் கீழுமாய் வெறிபிடித்த மாதிரி அடிக்கும், பாரம் தரைக்கு வருகிற வரைக்கும் நிற்காது. அப்போது அதைப் பிடித்து நிறுத்தப் போகக்கூடாது. விட்டுவிட்டு விலக வேண்டும். இரும்பு தானாக நிற்கட்டும்.

போன ஐப்பசியில் அண்ணன் மகன் சென்னையிலிருந்து தார் ஜீப்பில் வந்தான், கூட மூன்று நண்பர்கள். முந்தின ராத்திரி நல்ல மழை. கரிசல் மண் நனைந்தால் என்ன ஆகும் என்று இங்கே பிறந்தவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செருப்பில் ஒட்டினால் செருப்பையே கேட்கும். ஓடையை ஒட்டிய வண்டிப்பாதையில் பின்பக்க இடது சக்கரம் ஆக்சில் வரை இறங்கிவிட்டது. போன் வந்ததும் நான் பலகையோடு போனேன். அதற்குள் உளுந்துக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள், ஆடு மேய்க்கிறவர்கள் என்று பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள். ஆளுக்கொரு யோசனை. ஒருத்தர் பம்பரைப் பிடித்து ஆட்டிப் பார்க்கிறார். இரண்டு பொடியன்கள் சரியாய் வண்டி சாய்ந்திருக்கிற பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். மேற்கே மறுபடியும் கருத்துக்கொண்டு வருகிறது.

டிராக்டரைக் கூப்பிடலாம்தான். அது வண்டியை இழுத்துவிட்டு, பாதையையும் சேர்த்து உழுதுவிட்டுப் போய்விடும். அப்புறம் தை வரைக்கும் யாரும் அந்தப் பக்கம் சைக்கிள்கூட உருட்ட முடியாது.

முதலில் ஆட்களைத்தான் நகர்த்தினேன். வண்டிக்குள் இருந்த பையனை இறங்கச் சொன்னேன். "நான் ஸ்டியரிங்கப் புடிச்சிக்கிறேன் அங்கிள்" என்றான். ஜாக்கி மேல் நிற்கிற வண்டிக்குள் ஆள் கிடையாது. ஃபோர் வீல் போட்டு, முதல் கியரில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் இழுத்து, இன்ஜினை அணைத்தாயிற்று. முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னாலும் பின்னாலும் கல் வைத்தாயிற்று. அப்புறம் மண்வெட்டியால் பம்பருக்கு நேர் கீழே கொழகொழ மண்ணை வழித்து, கெட்டி மண் தெரிகிற வரை எடுத்து, வேப்பம்பலகையைச் சமமாய் உட்கார வைத்தேன். பலகை இல்லாமல் வைத்தால் வண்டி மேலே போகாது, ஜாக்கிதான் கீழே போகும்.

தம்பியின் வண்டியில் நல்லவேளை, இரும்பு பம்பர் மாட்டி, அதில் ஜாக்கி நாக்கு நுழைய இடம் வெட்டியிருந்தார்கள். கம்பெனி பிளாஸ்டிக் பம்பரோடு வருகிற வண்டிக்காரர்கள் இந்த ஜாக்கியைச் சுமந்துகொண்டு திரிவதில் அர்த்தமே இல்லை. கொடுக்க இடம் கிடையாது, கொடுத்தால் பம்பர் கையோடு வந்துவிடும்.

ஏற்றினேன். முதல் ஒரு சாண் உயரத்துக்கு வண்டியின் உடம்புதான் எழும்பும், சக்கரம் சேற்றிலேயே கிடக்கும். ஸ்பிரிங் தொங்கி முடித்த பிறகுதான் சக்கரம் கிளம்பும். "சித்தப்பா, சக்கரம் வரவே இல்லையே" என்று தம்பி பதறினான். வரும். அதுவரை பார்க்க வேண்டியது சக்கரத்தை அல்ல, கம்பத்தை. கம்பம் கொஞ்சம் சாய்ந்தாலும் அந்த இடத்தோடு நிறுத்தி, இறக்கி, பலகையைத் திருத்தி மறுபடியும் ஏற்ற வேண்டும். அன்றைக்கு ஒரு தடவை இறக்கினேன். கூட்டத்தில் "அட, அப்படியே போட்டு ஏத்துங்கண்ணே, மழை வருது" என்று ஒரு குரல். மழை வந்தால் நனைவோம், என்ன இப்போது.

சக்கரம் சேற்றைவிட்டு வந்ததும், கைப்பிடியைக் கம்பத்தோடு நிமிர்த்திப் பூட்டிவிட்டு, குழிக்குள் கல்லும் பருத்திமாரும் பனை மட்டையும் போட்டு நிரப்பினோம். கையால் அல்ல, மண்வெட்டிக் காம்பால் தள்ளித் தள்ளி. இந்த இடத்தில் சிலர் ஒரு வித்தை காட்டுவார்கள். தூக்கின வண்டியை ஜாக்கியோடு பக்கவாட்டில் தள்ளிச் சாய்த்துக் குழியைத் தாண்டி விழ வைப்பது. வீடியோவில் பார்க்க நன்றாக இருக்கும். பன்னிரண்டு பேர் சுற்றி நிற்கிற இடத்தில் செய்கிற காரியமா அது?

இறக்க வேண்டும். "நான் இறக்குறேன் சித்தப்பா" என்று தம்பி வந்தான். ஆசைப்படுகிறான், அவன் வண்டி, செய்யட்டும். கையைத் துடைக்கச் சொன்னேன். கைப்பிடி நிமிர்ந்து கம்பத்தோடு ஒட்டியிருக்கும்போது மட்டும்தான் ஏற்ற-இறக்க விசையைத் திருப்ப வேண்டும் என்று காட்டினேன். திருப்பினான். இரண்டு கையாலும் பிடித்தான். எல்லாம் சரி, மூன்றாவது 'டக்'கில் சக்கரம் கல்லில் உட்காருகிறதா என்று எட்டிப் பார்க்கத் தலையை நீட்டினான், கைப்பிடிக்கும் கம்பத்துக்கும் நடுவே. சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். கொஞ்சம் பலமாகத்தான் இழுத்துவிட்டேன். நண்பர்கள் முன்னால் அவன் முகம் சுருங்கியது. "எலேய், சக்கரத்தை நான் பாத்துக்கிறேன். நீ கையைப் பாரு" என்றேன். ராத்திரி சாப்பிடும்போது மச்சானின் பல் கதையைச் சொன்னேன். அப்புறம் பேசினான்.

என் பழைய ஜீப்பில் இதைவிட ஒரு சூட்சுமம் உண்டு. பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் இதைக் கட்டாயம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஹேண்ட்பிரேக், பழைய வில்லீஸ் வழியில், சக்கரத்தில் இல்லை. பின்னால் போகிற ஷாஃப்டைத்தான் பிடிக்கும். நாலு சக்கரமும் தரையில் இருந்தால் மலையிலும் நிற்கும். ஆனால் ஒரு பின் சக்கரத்தை அந்தரத்தில் தூக்கிவிட்டால், ஷாஃப்ட் அசையாமல் நின்றாலும், டிஃபரன்ஷியல் வழியாகத் தரையிலுள்ள சக்கரம் ஒரு பக்கம் உருள, அந்தரத்தில் உள்ளது எதிர்ப் பக்கம் சுற்றி வழிவிட்டுவிடும். ஹேண்ட்பிரேக் இழுத்தபடியே வண்டி நகரும், ஜாக்கி சாயும். கியரில் போட்டு நிறுத்துவதும் அதே ஷாஃப்ட் வழியாகத்தான், அதுவும் தனியாகக் காப்பாற்றாது. ஃபோர் வீல் போட்டு, முன் சக்கரத்தில் ஹப் லாக் இருந்தால் அதையும் பூட்டினால் முன் ஆக்சிலும் சேர்ந்து பிடிக்கும். அப்போதும் கல் வைக்காமல் நான் ஜாக்கியைத் தொடுவதில்லை. லாரி கிளீனர்ப் பையன் வண்டி நின்ற உடனே கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவானே, அவனுக்குத் தெரிந்தது இவ்வளவு பணம் கொடுத்து வண்டி வாங்குகிறவர்களுக்கும் தெரிய வேண்டும்.

ஜாக்கியை வெளியே மாட்டி வைத்துப் புழுதியும் மழையும் குடிக்க விடாதீர்கள். கரிசல் மண் அந்த முளைகளுக்குள் போய்க் காய்ந்தால் சிமென்ட். ஸ்பிரிங் முளையைத் தள்ள முடியாமல் பாதியில் நிற்கும், அதுவும் வண்டி மேலே இருக்கும்போதுதான் நிற்கும். வேலை முடிந்த அன்றைக்கே தண்ணீர் ஊற்றிக் கழுவி, காயவைத்து, முளைகளுக்குத் தையல் மிஷின் எண்ணெய் மாதிரி இளகின எண்ணெய் விட்டுச் சாக்கில் சுற்றி உள்ளே வைத்துவிடுவேன். கிரீஸ் வேண்டாம், மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கைப்பிடி சேருகிற இடத்தில் உள்ள போல்ட் பாரம் மிஞ்சினால் உடைவதற்காகவே வைத்தது. உடைந்தால் அதே போல்ட்டைத் தேடி வாங்கிப் போடுங்கள். போன மாதம் டவுனில் ஒரு பட்டறைக்காரர், "இதவிட ஸ்ட்ராங்கா ஹைடென்ஷன் போல்ட் போட்டுத் தாரேன், ஜென்மத்துக்கும் உடையாது" என்றார். வேண்டாம் அண்ணாச்சி என்று கும்பிட்டுவிட்டு வந்தேன்.