பஞ்சர் ஆகாத டயரும் என் இடுப்பும்

மேகமலைக்குச் சுற்றுலா வர்றவங்க சின்னமனூர்ல ஒரு டீ குடிச்சுட்டு, தென்பழனி தாண்டி மேல ஏறிப் போயிடுவீங்க. கொண்டை ஊசி வளைவுல வண்டியை நிறுத்திக் கீழே பார்த்தா, பச்சையும் பழுப்புமா சதுரம் சதுரமா நிலம் தெரியும். அதுல பழுப்பு கொஞ்சம் கூடுதலா இருக்கிற பக்கம் நம்ம தோட்டம். ரெண்டு ஏக்கர். கொஞ்சம் வாழை, அரை ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தல், ரெண்டு கறவை மாடு.

தோட்டத்தில் இருந்து தார் ரோட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர் வண்டித்தடம். அங்கே இருந்து பால் சொசைட்டிக்கு இன்னும் ரெண்டு கிலோமீட்டர். தினமும் காலையில் 12 லிட்டர் பாலைக் கேரியரில் கட்டிக்கிட்டு சைக்கிள்லதான் போறேன். டூவீலர் ஒண்ணு வாங்கினா என்னன்னு கேப்பீங்க. இருந்துச்சு. மகன் காலேஜுக்குக் கொண்டுபோனது, திரும்பி வரலை. 12 லிட்டர் பாலுக்குப் பெட்ரோல் போட்டுப் போனா மாட்டுக்குத் தவிடு யார் வாங்குறது? அதனால அப்பா காலத்து சைக்கிள்தான். 28 இஞ்ச், கம்பி பிரேக் வச்ச பழைய ரகம்.

இந்த வண்டித்தடத்துல முள்ளுக்குப் பஞ்சமே இல்லை. ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலம். ஆடு மேய்க்கிறவங்க கிளையை வளைச்சு ஒடிச்சுப் போடுவாங்க, ஆடு காயைத் தின்னுட்டுப் போயிடும், முள்ளு தடத்துல கிடக்கும். அது காய்ஞ்சா ஆணி மாதிரி. மழை பெய்ஞ்ச பிறகு நெருஞ்சி படரும். பூ என்னமோ மஞ்சளா அழகாத்தான் இருக்கும், காய் எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்தே நிக்கும். இந்த நெருஞ்சி அமெரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்து, அங்கே அதுக்கு ‘பஞ்சர் கொடி’ன்னே பேர் வச்சிருக்காங்களாம். கேட்டதும் எனக்கு ஒரு ஆறுதல், நாம மட்டும் இல்லைன்னு.

ஆடி மாசம் வந்தா இன்னும் மோசம். கணவாய் வழியா வர்ற காத்து மரத்துல இருக்கிற காய்ஞ்ச முள்ளையெல்லாம் உதிர்த்துத் தடத்துல பரப்பிடும். ஊரெல்லாம் காத்து, என் டயர்ல மட்டும் இருக்காது.

போன வருஷம் ஆடியில ஒரே வாரத்துல மூணு பஞ்சர். மூணாவது பஞ்சர் விழுந்தப்ப மணி காலை ஆறு. சைக்கிள் கடை அண்ணன் எட்டு மணிக்குத்தான் கடை திறப்பார். தள்ளிக்கிட்டே போனேன். சொசைட்டிக்குப் போய்ச் சேர்ந்தப்ப பால் வண்டி கிளம்பிடுச்சு. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது, வண்டி எத்தனை ஊருக்கு நிக்கும்? 12 லிட்டரைத் திரும்பக் கொண்டுவந்து, பாதியைத் தயிருக்கு ஊத்தி, மீதியை அக்கம்பக்கத்துல கொடுத்தோம். அன்னைக்கு வருமானம் இல்லை. என் வீட்டுக்காரி ஒண்ணும் சொல்லலை. சொல்லாம இருந்ததுதான் கஷ்டமா இருந்துச்சு.

ராத்திரி போன்ல மகன்கிட்டே புலம்பினேன். “அப்பா, காத்தே அடிக்க வேணாம், பஞ்சரே ஆகாத டயர் இருக்கு”ன்னான். சீனாவுல 2016-ல ஷாங்காய் நகரத்துல வாடகைக்கு விட்ட ஆயிரக்கணக்கான சைக்கிள்ல அந்த மாதிரி டயர்தான்னு சொன்னான். பத்து நாள்ல ரெண்டு டயர் வந்து இறங்குச்சு. ரெண்டாயிரம் ரூபாய்க்கு மேல. டியூப் கிடையாது. உள்ளே முழுக்க அழுத்தமான நுரை மாதிரி ரப்பர். கையில அமுக்கினா லேசா அமுங்குது.

மாட்டுறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. வெந்நீர்ல ஊறப்போட்டு, நானும் பக்கத்துத் தோட்டத்துப் பையனும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சு, கயிறு கட்டி இழுத்து ரிம்முக்குள்ள தள்ளினோம். விரல் முட்டியெல்லாம் தோல் போச்சு. ஆனா மறுநாள் அந்தத் தடத்துல முள்ளு மேலேயே வேணும்னே ஏத்தி ஓட்டினேன் பாருங்க, அந்தச் சந்தோஷத்தை எழுத முடியாது. சொசைட்டியில நின்னு டயர்ல குத்தியிருந்த முள்ளைப் பிடுங்கி எல்லாருக்கும் காட்டினேன். பதினேழு முள்ளு. ஒரு சத்தம் இல்லை, ஒரு ‘புஸ்’ இல்லை.

சைக்கிள் கடையை நிறுத்தாமத் தாண்டிப் போனேன். முப்பது வருஷமா வாரத்துக்கு ஒரு தடவையாவது நின்ன கடை. அண்ணன் ஸ்டூல்ல உட்கார்ந்து பார்த்தார். கையை மட்டும் தூக்கினார்.

முதல் ஒரு மாசம் நல்லாத்தான் போச்சு. பெடல் கொஞ்சம் கனமா இருக்கு, சரி, வயசாகுதுன்னு நினைச்சுக்கிட்டேன். அப்புறம் ஒருநாள் பின் சக்கரத்துல ‘டிங்’னு ஒரு சத்தம். போக்ஸ் கம்பி ஒண்ணு அறுந்திருந்துச்சு. மறு வாரம் இன்னொண்ணு. பின் சக்கரத்துல 40 கம்பி இருக்கு, ரெண்டு போனா என்னன்னு ஓட்டினேன். சக்கரம் கோட்டம் விழுந்து பிரேக் கட்டையில உரச ஆரம்பிச்சது.

வீட்டுக்காரி ஒரு நாள் பால் கேன் மூடியைக் கழுவும்போது கூப்பிட்டா. மூடிக்கு உள்பக்கம் சின்னச் சின்னதா வெண்ணெய் திரண்டு ஒட்டியிருக்கு. “ஏங்க, இனிமே மத்து வேணாம். உங்க சைக்கிளே கடைஞ்சிடுது”ன்னா. சிரிச்சோம். ஆனா வெண்ணெய் மூடியில தங்கினா சொசைட்டி மெஷின்ல ஃபேட் எப்படி ஏறும்?

ஒருநாள் ஒரு கூடைத் திராட்சையை ரோட்டோரக் கடைக்குக் கொண்டுபோனேன். பன்னீர் திராட்சைக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பேர் பெருசு, பழம் ரொம்ப மென்மை. கொத்தைக் கொஞ்சம் குலுக்கினாலே பழம் உதிரும். போய் இறக்கினா கூடை அடியில ஒரு கிலோவுக்குக் கிட்ட உதிரி. கடைக்காரர் ஒரு கொத்தைத் தூக்கிப் பார்த்துட்டு, “என்னண்ணே, லாரியில ஏத்தியா கொண்டுவந்தீங்க?”ன்னார்.

அப்பவும் எனக்குப் புத்தி வரலை. இடுப்புதான் புத்தி சொல்லுச்சு. ஐப்பசியில ஒரு நாள் காலையில மாட்டுக்குத் தண்ணி காட்டக் குனிஞ்சவன் நிமிர முடியலை. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துட்டு, குலுங்குற வண்டியே ஆகாது, பத்து நாள் படுங்கன்னுட்டார். அந்தப் பத்து நாளும் பால் கேன் என் வீட்டுக்காரி தலையில போச்சு. இருட்டோட கிளம்பி, அந்த முள்ளுத் தடத்துல ஒன்றரை கிலோமீட்டர் நடந்து, ரோட்டுல ஆட்டோ கிடைச்சா ஆட்டோ, இல்லைன்னா நடை. நான் கட்டில்ல படுத்துக்கிட்டு அவ செருப்புச் சத்தம் போறதைக் கேட்டுக்கிட்டு இருந்தேன்.

படுத்துக் கிடந்தப்ப அப்பா ஞாபகம் வந்துச்சு. நான் சின்னப் பையனா இருந்தப்ப எங்க வீட்டுல இருந்தது மரச்சக்கர வண்டி. சுத்தி இரும்புப் பட்டா. பட்டாவை நெருப்புல பழுக்கக் காய்ச்சி, சக்கரத்துல இறக்கி, தண்ணி ஊத்துவாங்க. அது சுருங்கிக் கவ்விப் பிடிக்கும். அந்தச் சக்கரத்துக்குப் பஞ்சரே கிடையாது. முள்ளு என்ன, கல்லு மேலேயும் ஏறும். ஆனா ஒவ்வொரு கல்லுக்கும் நுகத்தடி மாட்டுக் கழுத்துல இடிக்கும். எங்க மயிலைக் காளைக்குக் கழுத்துல புண் ஆறினதே இல்லை. அப்பா கடன் வாங்கி டயர் வண்டி வாங்கினார். வாங்கின மாசமே பஞ்சர். எல்லாரும் கேலி பண்ணினாங்க. அப்பா சொன்னது இப்பவும் காதுல இருக்கு: “காத்து நமக்காக இல்லடா, மாட்டுக்காக.”

பஞ்சர் போச்சுன்னு நான் ஆடினேன். இடி எங்கேயும் போகலை. அதுவரைக்கும் காத்து வாங்கிக்கிட்டு இருந்ததை, போக்ஸ் கம்பியும் திராட்சையும் என் இடுப்பும் வாங்கிச்சு. இடுப்பு விழுந்த பிறகு அவ கழுத்து வாங்கிச்சு.

மகன் அப்புறம் இன்னொரு கதை சொன்னான். காத்தடைச்ச டயரை உலகத்துக்குக் கொண்டுவந்த டன்லப் யாருன்னு நினைக்கிறீங்க? ஒரு மாட்டு டாக்டர்! அயர்லாந்துல பெல்ஃபாஸ்ட்ல கால்நடை வைத்தியம் பார்த்தவர். அவர் மகன் ஓட்டின மூணு சக்கர சைக்கிள்ல கட்டி ரப்பர் டயர். கல்லு ரோட்டுல பையன் குலுங்குறதைப் பார்த்து, ரப்பர் குழாயில காத்தடைச்சுச் சக்கரத்துல கட்டிக் கொடுத்தார். 1888-ல அதுக்குக் காப்புரிமை வாங்கினார். அவருக்கு முன்னாடியே 1845-ல தாம்சன்னு ஒருத்தர் குதிரை வண்டிக்கு இதே யோசனைக்குக் காப்புரிமை வாங்கியிருக்கார். ஆக, கட்டி டயர் ஒண்ணும் புதுசு இல்லை. சைக்கிள் ஆரம்பத்துல ஓடினதே அதுலதான். வேணாம்னு விட்டுட்டு வந்ததை நான் ரெண்டாயிரம் கொடுத்துத் திரும்ப வாங்கியிருக்கேன்.

எந்திரிச்சு நடமாட ஆரம்பிச்சதும் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு அண்ணன் கடைக்குப் போனேன். திட்டுவார்னு நினைச்சேன். சக்கரத்தைச் சுத்திப் பார்த்தார், கோட்டத்தைப் பார்த்தார், அறுந்த கம்பியை எண்ணினார். “தம்பி, முப்பது வருஷமா உன்கிட்ட நான் காத்துக்குக் காசே வாங்கினதில்ல. அதைப் போய் வேணாம்னுட்டியே”ன்னார். அவ்வளவுதான்.

புது டியூப், கொஞ்சம் தடிமனான டயர். ஆறு கம்பி மாத்திக் கோட்டம் எடுத்தார். டயருக்கும் டியூபுக்கும் நடுவுல பழைய டியூபை நீளமா வெட்டி விரிச்சுக் கொடுத்தார். பாதி முள்ளு அதுலயே நின்னுடும். அப்புறம் என்னை உட்காரவச்சுப் பஞ்சர் ஒட்டக் கத்துக்கொடுத்தார். ஐம்பத்து நாலு வயசுல!

தொட்டித் தண்ணியில டியூபை முக்கி குமிழி பார்க்கிறது, உப்புத்தாள் போடுறது, சொல்யூஷன் தடவி அது காயுற வரைக்கும் பொறுமையா இருக்கிறது எல்லாம் நான் பார்த்ததுதான். பார்க்காத விஷயம் ஒண்ணு சொன்னார். ஒட்டி முடிச்சதும் டயருக்கு உள்பக்கம் விரலால மெதுவா ஒரு சுத்து தடவணும். முள்ளு நுனி ஒடிஞ்சு உள்ளேயே இருக்கும். அதை எடுக்காம மாட்டினா அரை மணி நேரத்துல அதே இடத்துல மறுபடி பஞ்சர். எங்கேயும் ஓட்டை இல்லாம காத்து இறங்குதுன்னா, வால் டியூப்ல எச்சில் தொட்டு வச்சுப் பார்க்கணும். குமிழி வந்தா ஒரு துண்டு வால் டியூப் மாத்தினா சரி.

இப்ப சீட்டுக்கு அடியில ஒரு பை. ஒட்டுத் துண்டு, சொல்யூஷன், உப்புத்தாள், டயர் கழட்ட ரெண்டு பட்டை. பம்பைக் கம்பியோட சேர்த்துக் கட்டியிருக்கேன். பஞ்சர் ஆனா இருபது நிமிஷம். அதுக்காகவே இருபது நிமிஷம் முன்னாடி கிளம்புறேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மண்வெட்டியும் கவட்டைக் கம்பும் எடுத்துக்கிட்டுத் தடத்து முள்ளை ஒதுக்குறேன். பக்கத்துத் தோட்டத்துக்காரங்க ரெண்டு பேரும் இப்ப வர்றாங்க. முப்பது வருஷமா இதை ஏன் செய்யலைன்னு எங்க யார்கிட்டேயும் பதில் இல்லை.

அந்தக் கட்டி டயர் ரெண்டும் வீணாப் போகலை. பஸ் ஸ்டாப்ல காய்கறி விக்கிற அக்காவோட தள்ளுவண்டிக்கு சைக்கிள் சக்கரம்தான், அதே 28 இஞ்ச். பாரத்தோட நாள் முழுக்க ஒரே இடத்துல நிக்கிற வண்டி. காத்து இறங்கினா காயை எல்லாம் இறக்கணும். அவங்களுக்கு மாட்டிக் கொடுத்தோம். சிமெண்டு ரோட்டுல நூறு அடி தள்ளினாப் போதும், குலுங்க என்ன இருக்கு? “தம்பி, காத்துக்காரன் மூஞ்சியில முழிச்சு நாலு மாசம் ஆச்சு”ன்னு சிரிக்கிறாங்க. காசு வாங்கலை. சாம்பாருக்கு முருங்கைக்காய் கேட்டா மட்டும் ரெண்டு கூட வைக்கிறாங்க.

ஊர்ல நீங்க யாராவது இந்த டயர் வாங்க நினைச்சா, ஆபீஸுக்கு நல்ல ரோட்டுல ரெண்டு கிலோமீட்டர், பாரம் இல்லைன்னா தாராளமா வாங்குங்க. கல்லுத் தடம்னா, வாங்குறதுக்கு முன்னாடி அந்த இடியை வீட்டுல யார் வாங்கப் போறாங்கன்னு ஒரு தடவை பார்த்துக்கங்க.

மணி அஞ்சு ஆகப்போகுது. மாடு கத்துது. டயரை ஒரு தடவை அமுக்கிப் பார்த்துட்டுக் கிளம்பணும்.