அம்மாச்சியின் ரெண்டாவது கப்பல்

யூடியூபில் 'கரீபியன் குரூஸ்' என்று தேடிப் பாருங்க. ரிட்டயர் ஆன வெள்ளைக்கார தம்பதிகள் நூறு பேராவது வருவாங்க. ஒரே மாதிரி தொப்பி, கையில ஜூஸ், பின்னாடி நீலக்கடல். "எங்க இருபத்தஞ்சாவது குரூஸ் இது" என்று சிரிப்பாங்க. நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு ரிட்டயர்மென்ட் என்றால் பேரப்பிள்ளைகளை ஸ்கூல்ல விடுறது, ரேஷன் கடைக்குப் போறது, அதிகபட்சம் ஒரு காசி ராமேஸ்வரம் டூர். கப்பல்ல போய் சும்மா உக்காந்துட்டு வர்றதெல்லாம் நம்ம சிலபஸ்லயே கிடையாது.

ஆனா எங்க தாத்தாவும் அம்மாச்சியும் போனாங்க. பொட்டிபுரத்துல இருந்து. அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன்.

முதல்ல கப்பலைப் பத்தி. 2022 ஜூன் 4 அன்னிக்கு சென்னைத் துறைமுகத்துல முதலமைச்சர் ஸ்டாலின் ஒரு சொகுசுக் கப்பலைக் கொடியசைச்சு அனுப்பினது நியூஸ்ல வந்தது ஞாபகம் இருக்கா? கோர்டீலியா நிறுவனத்தோட 'எம்பிரஸ்'. கொஞ்ச நாள்லயே புதுச்சேரியில அனுமதி கிடைக்காமத் திரும்பினதும் நியூஸ் ஆச்சு. எனக்குப் பிடிச்சது அந்தக் கப்பலோட பழைய பயோடேட்டா. 1990-ல பிரான்ஸ்ல, செயின்ட் நசேர் கப்பல் கட்டும் தளத்துல பிறந்தது. அப்ப பேரு 'நோர்டிக் எம்பிரஸ்'. ராயல் கரீபியன் கம்பெனிக்காக மயாமியில இருந்து பஹாமாஸ் பக்கம் ஓடிச்சு. பிறகு 'எம்பிரஸ் ஆஃப் தி சீஸ்' என்று பேர் மாறிச்சு. 2017-ல கியூபாவோட ஹவானாவுக்கும் போச்சு. அதுக்கப்புறம்தான் நம்ம ஊருக்கு வந்து சேர்ந்தது. அதாவது, யூடியூப்ல பார்க்கிற தொப்பி தாத்தாக்களைச் சுமந்த அதே கப்பல்லதான் எங்க தாத்தாவும் ஏறினாரு. கரீபியனுக்கு நாம போக முடியலைன்னாலும் கரீபியன் கப்பல் நம்மகிட்ட வந்துருச்சு.

தாத்தா அரசு பஸ் டிரைவர். போடியில இருந்து போடிமெட்டு ஏறுற அந்தக் கொண்டை ஊசி வளைவுகள்ல வருஷக்கணக்கா ஸ்டியரிங் திருப்பினவர். ரிட்டயர் ஆனபோது அவருக்கு இருந்த ஒரே ஆசை, ரோட்டைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாத ஒரு வண்டியில உக்காரணும். "எதிர்ல லாரி வருமான்னு நெனைக்காம ஒரு நாளாவது போகணும்டா" என்பார். பிளேன் வேண்டாம், பயம். அப்ப கப்பல்தான்.

அம்மாச்சி ஏலத்தோட்டத்துல காய் எடுத்தவங்க. விடியறதுக்கு முன்னாடி ஜீப்புல ஏறி மலைக்குப் போய், இருட்டினப்புறம் இறங்குற வேலை. எங்க ஊர்ப் பக்கம் பாதி வீட்டுல இந்தக் கதை உண்டு. முட்டி போனப்புறம் போடியில ஏலக்காய்க் கடையில உக்காந்து காய் தரம் பிரிச்சாங்க. பென்ஷன் கிடையாது, பி.எஃப். கிடையாது. அதனால 'ரிட்டயர்டு' என்ற வார்த்தையை அவங்களுக்குப் போட்டா அவங்களே சிரிப்பாங்க. கப்பலுக்கு அவங்க ஒரே ஒரு கண்டிஷன் போட்டாங்க. "சிலோனுக்குப் போற கப்பல்னா வாரேன். இல்லாட்டி நீங்களே போய்ட்டு வாங்க."

ஏன்னா அம்மாச்சி பிறந்தது அங்க. ஹட்டன் பக்கத்துல ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துல.

இங்க கொஞ்சம் ஹிஸ்டரி சொல்லியே ஆகணும், பொறுத்துக்குங்க. நான் படிச்ச இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல் புக்ல இது ஒரு வரி கூட வந்ததா எனக்கு ஞாபகம் இல்ல. வெள்ளைக்காரன் காலத்துல நம்ம பக்கத்துல இருந்து லட்சக்கணக்கான பேர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனாங்க. 1948-ல இலங்கை சுதந்திரம் வாங்கினதும் ஒரு குடியுரிமைச் சட்டம் வந்தது. அதுல அவங்கள்ல பெரும்பாலானவங்க எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவங்க ஆனாங்க. 1964 அக்டோபர் 30-ல சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம். மொத்தம் சுமார் 9,75,000 பேர். அதுல 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கணும், 3,00,000 பேரை இலங்கை வெச்சுக்கணும், மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பேசிக்கலாம். டிபார்ட்மென்ட்ல லேப் பேட்ச் பிரிக்கிற மாதிரி பிரிச்சாங்க. அந்தப் பத்து லட்சம் பேர்கிட்ட யாரும் கருத்து கேக்கல.

அம்மாச்சி வீடும் பிரிஞ்சது. அவங்க அக்காவுக்கு அதுக்குள்ள கல்யாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்கு இலங்கைக் குடியுரிமை. அக்கா அங்கயே தங்கிட்டாங்க. அம்மாச்சியும் அவங்க அப்பா அம்மாவும் 1973-ல கிளம்பினாங்க. அப்ப அம்மாச்சிக்குப் பதினாறு வயசு. மலையகத்துல இருந்து தலைமன்னாருக்கு ஆட்களை ஏத்திட்டுப் போன ரயிலுக்கு அங்க 'அழுகைக் கோச்சி' என்றே பேர். கோச்சி என்றால் ரயில். ஏறினவங்களும் அழுவாங்க, பிளாட்ஃபார்ம்ல நின்னவங்களும் அழுவாங்க. தலைமன்னார்ல இருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல், அப்புறம் மண்டபம் முகாம். அங்கிருந்து யாரோ சொல்லி ஏலமலை வேலைக்கு வந்து, எங்க தாத்தாவைக் கட்டி, பொட்டிபுரத்துக்காரங்க ஆனாங்க. ஆனாலும் ஊர்ல ரொம்ப நாளைக்கு அவங்க பேரு 'சிலோன்காரி'தான். அங்க இருந்தவரைக்கும் 'இந்தியாக்காரி'ன்னு சொன்னாங்களாம்.

சரி, 2023-க்கு வருவோம். அந்த ஜூன் மாசம் ரெண்டு விஷயம் நடந்தது. ஜூன் 5-ல சென்னையில இருந்து இலங்கைக்கு முதல் சர்வதேச குரூஸ் கிளம்பிச்சு. ஜூன் 15-ல போடிக்கு அகல ரயில் வந்தது. 2010 கடைசியில மீட்டர் கேஜ் நின்னதுக்கப்புறம் பன்னெண்டு வருஷமா ரயில் பார்க்காத போடியில இருந்து நேரா சென்னை சென்ட்ரலுக்கு ட்ரெய்ன். தாத்தா இதை சாமி கொடுத்த சிக்னல் என்றார்.

வீட்டுல சண்டை நடந்தது. டிக்கெட் ரெண்டு பேருக்கும் லட்சத்தைத் தாண்டிச்சு. மாமா சொன்னதுல நியாயம் இல்லாம இல்ல. "இந்தக் காசுக்கு மாடியில ஒரு ரூம் எடுக்கலாம். பெரியம்மாவைத்தான் தினம் வாட்ஸ்அப்ல பாக்குறீங்களே." ஃபிளைட்ல கொழும்பு போய் நேரா ஹட்டனுக்கே போகலாம், செலவும் கம்மின்னு நானும் சொல்லிப் பார்த்தேன். தாத்தா பிளேன் ஏற மாட்டேன்னுட்டார். அம்மாச்சி சொன்னது வேற. "கப்பல்ல வந்தேன். கப்பல்லயே போயிக்கிறேன்."

அடுத்தது பாஸ்போர்ட். ஃபார்ம்ல 'பிறந்த இடம்' என்று ஒரு கட்டம் இருக்கும். நாம ரெண்டு செகண்ட்ல நிரப்பிட்டுப் போயிடுவோம். அம்மாச்சிக்கு அந்த ஒரு கட்டம் ரொம்ப நாள் எடுத்துச்சு. ஒவ்வொரு மேஜையிலயும் "இலங்கையில பிறந்தீங்களா, அப்ப அகதியா?" என்ற கேள்வி. அம்மாச்சி ஒவ்வொரு தடவையும் அதே பதில்: "அகதி இல்லீங்க. இந்தியாக்காரின்னு சொல்லி அனுப்பிவெச்சாங்க." கடைசியில காப்பாத்தினது ஒரு தகரப்பெட்டி. அதுக்குள்ள, கண்டியில இருக்கிற இந்தியத் துணைத் தூதரகம் கொடுத்த பழைய பாஸ்போர்ட், தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டை. பாஸ்போர்ட்ல அப்பா அம்மாவோட ஒட்டி நிக்கிற ஒரு ரெட்டைச் சடைப் பொண்ணு. அதுதான் அம்மாச்சின்னு நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு.

ஜூலையில கிளம்பினாங்க. இனி நான் சொல்றது எல்லாம் அவங்க வந்து சொன்னதும், தாத்தா நடுங்குற கையால எடுத்த வீடியோக்களும்.

ஏறினதும் எல்லாப் பயணிகளையும் கூப்பிட்டு, ஆபத்து வந்தா எங்க கூடணும், லைஃப் ஜாக்கெட் எப்படிப் போடணும்னு சொல்லிக் கொடுத்தாங்க. மஸ்டர் டிரில். அம்மாச்சி உடனே வரிசையில போய் நிமிர்ந்து நின்னுட்டாங்களாம். "என்னா, இங்கயும் பெரட்டா?" தோட்டத்துல காலையில ஆட்களை வரிசையா நிக்க வெச்சுப் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிறதுக்குப் பெரட்டு என்று பேர். அம்பது வருஷம் கழிச்சும் உடம்பு மறக்கல.

தாத்தாவுக்கு முதல் ராத்திரி தூக்கமே வரல. கியர் மாத்துற சத்தம் இல்ல, ஹாரன் இல்ல. டெக்ல போய் நின்னு பின்னாடி போற நுரையையே பார்த்திருக்கார். அங்க ஒரு ஊழியர்கிட்ட, "தம்பி, இதுக்கு பிரேக் எங்க இருக்கு?" என்று கேட்டிருக்கார். பிரேக்கே கிடையாது, எஞ்சினை எதிர்ப்பக்கம் தள்ள வெச்சு நிறுத்தணும், அதுக்கே ரொம்ப தூரம் ஓடும் என்று அந்தப் பையன் சொல்ல, தாத்தா அரண்டுட்டார். "பிரேக் இல்லாத வண்டியிலயா ரெண்டாயிரம் பேரு ஆடிக்கிட்டு இருக்காங்க?"

சாப்பாட்டு ஹால்ல ஒரு சென்னை அம்மா எந்த ஊருன்னு கேட்க, அம்மாச்சி "பொட்டிபுரம்" என்றாங்களாம். "ஓ, அந்த நியூட்ரினோ ஊரா?" எங்க ஊருக்கு வெளியில இருக்கிற அடையாளம் அதான். 2015-ல மத்திய அரசு ஒப்புதல் கொடுத்து, போராட்டம், கேஸ்னு போய் இன்னும் கட்டப்படாத அந்த ஆய்வகம். அதுல எங்க மலைக்குள்ள 50,000 டன் இரும்பு வைக்கிறதா பிளான். இந்தக் கப்பலோட கிராஸ் டன்னேஜ் 48,563. திரும்பி வந்ததும் தாத்தா கேட்டார், "அப்ப ஒரு கப்பலைத் தூக்கி மலைக்குள்ள வெக்கிற மாதிரியாடா?" மெக்கானிக்கல் மாணவனா என் கடமையைச் செஞ்சேன்: கிராஸ் டன்னேஜ் எடையே இல்ல தாத்தா, கப்பலுக்குள்ள இருக்கிற இடத்தோட கன அளவை வெச்சுப் போடுற நம்பர். "அப்ப அதுக்கு ஏன்டா டன்னுன்னு பேரு வெச்சீங்க?" பதில் தெரிஞ்சவங்க எடிட்டருக்கு மெயில் பண்ணுங்க.

அம்மாச்சி நீச்சல் குளத்துல சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுக் காலை மட்டும் நனைச்சிருக்காங்க. டீ பேக்கைக் கிழிச்சுக் கையில கொட்டி மோந்து பார்த்து, "தூளு" என்று தீர்ப்பு சொல்லியிருக்காங்க. எட்டு மணிக்கு மேல பாட்டு, டான்ஸ். தாத்தா ஆடினாரா என்ற கேள்விக்கு இன்னிக்கு வரைக்கும் ரெண்டு பேருமே பதில் சொல்லல.

அம்பாந்தோட்டையில கப்பல் நின்னுச்சு. அது இலங்கையோட தெற்குக் கரை. அங்கிருந்து ஹட்டன் போக மலைப்பாதையில அஞ்சாறு மணி நேரம் ஆகும், ஒரு வழிக்கே. கப்பல் காத்திருக்காது. எல்லாரும் சுத்திப் பார்க்கப் போக, அம்மாச்சி டெக்ல சேரைப் போட்டு உக்காந்துட்டாங்க. "எந்தப் பக்கம் மலை?" என்று மட்டும் தாத்தாகிட்ட கேட்டாங்களாம். தாத்தா சூரியனைப் பார்த்துக் கணக்குப் போட்டு வடக்கைக் காட்டியிருக்கார்.

திருகோணமலையிலதான் நடந்தது. அக்காவோட மகள், எனக்குச் சித்தி முறை, மகனைக் கூட்டிட்டு ராத்திரி பஸ் பிடிச்சு வந்திருந்தாங்க. கோணேஸ்வரம் கோயிலுக்குப் போற ஏத்தத்துல பார்த்துக்கிட்டாங்க. பெரியம்மாச்சிக்கு உடம்பு முடியல, வரல. வீடியோ கால் போட்டாங்க. அந்த வீடியோ என்கிட்ட இருக்கு. தினம் வாட்ஸ்அப்ல ஒரு மணி நேரம் பேசுற அக்காவும் தங்கச்சியும் அன்னிக்குப் பேசினது இவ்வளவுதான்:

"வந்துட்டியா?"

"வந்துட்டேன்க்கா."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். நீ?"

அப்புறம் ரெண்டு பேரும் சும்மா பார்த்துட்டே இருக்காங்க. நாலு நிமிஷம். பின்னாடி கோயில் மணிச் சத்தம்.

சித்தி ஒரு பொட்டலம் தேயிலை கொடுத்தாங்க, தோட்டத்துத் தூள். அம்மாச்சி அரைக் கிலோ ஏலக்காய் கொடுத்தாங்க, எல்லாம் எட்டு எம்.எம். காய், அவங்களே உக்காந்து பொறுக்கினது. மூணு மணி நேரத்துல திரும்பக் கப்பல். சித்தியோட பையன் கையாட்டிட்டே நிக்கிறது தாத்தா வீடியோல சின்னப் புள்ளியா ஆகுற வரைக்கும் இருக்கு. "இந்த வாட்டி யாரும் அழல" என்று அம்மாச்சி வந்து சொன்னாங்க. தாத்தா எனக்கு மட்டும் கேக்குற மாதிரி, "ரூம்ல போய்" என்றார். அவர் சொன்னது தன்னைப் பத்தியா, அம்மாச்சியைப் பத்தியா என்று நான் கேட்டுக்கல.

மாமா இன்னும் அந்த மாடி ரூம் கணக்கைச் சொல்லிக்கிட்டுதான் இருக்கார். கட்டியிருந்தா இப்ப வாடகை வந்திருக்கும், உண்மைதான். ஆனா அதே மாமா, போன தீபாவளிக்கு வந்த சொந்தக்காரங்ககிட்ட "எங்கம்மா கப்பல்ல சிலோன் போய்ட்டு வந்தாங்க" என்று ரெண்டு தடவை சொன்னதை நான் எண்ணினேன்.

இதுக்கு நடுவுல, 2023 அக்டோபர்ல நாகப்பட்டினம் – காங்கேசன்துறை பயணிகள் கப்பலும் ஓட ஆரம்பிச்சது. சொகுசெல்லாம் இல்ல, டிக்கெட்டும் ஆயிரக்கணக்குலதான். அங்கிருந்து ஹட்டனுக்கு பஸ்ஸும் ரயிலும் மாறி மாறிப் போகணும். அம்மாச்சி விசாரிச்சு வெச்சுட்டாங்க. "அடுத்த வாட்டி நேரா லயத்துக்கே." தாத்தா, "அதுல பாட்டு, டான்ஸ் உண்டா?" என்று மட்டும் கேட்டார்.

உங்களுக்கு ஒரே ஒரு வேலை சொல்றேன். செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போறப்ப, வீட்டுப் பரண் மேல இருக்கிற தகரப்பெட்டியை இறக்கச் சொல்லுங்க. சிலோனோ, பர்மாவோ, மலேயாவோ, இல்ல பக்கத்து ஜில்லாவோ, யாரோ ஒருத்தர் எங்கிருந்தோ வந்திருப்பாங்க. உள்ள இருக்கிற பேப்பரை எல்லாம் போன்ல ஸ்கேன் பண்ணி வைங்க. எந்த மேஜையில எந்தக் கட்டத்தை நிரப்பச் சொல்லுவாங்கன்னு யாருக்கும் தெரியாது. ஸ்கேன் பண்றப்ப பக்கத்துல அவங்களை உக்கார வெச்சுக்குங்க. ஒரு பேப்பருக்கு ஒரு கதை வரும். அவசரப்படுத்தாதீங்க.