பித்தளைக்கடை வழக்கும் தேயிலை நோட்டீசும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காயும் காப்பிப்பொடியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், அக்கா மகன் முகம் செத்துப்போய் உட்கார்ந்திருக்கிறான். கையில் பழுப்புக் கவர்.

"மாமா, வக்கீல் நோட்டீசு வந்திருக்கு. அம்மாகிட்ட சொல்லிராதீங்க."

பையன் இங்கே டீ டேஸ்டர். பாளையங்கோட்டையில் நுரை பொங்க ஆற்றிய பால் டீ குடித்து வளர்ந்தவன், இப்போது வரிசையாக வைத்த கிண்ணங்களில் இருந்து கரண்டியால் 'ஸ்ர்ர்ர்' என்று உறிஞ்சி, துப்பி, இது இந்த மாதிரித் தோட்டம், இந்தப் பருவத்து இலை என்று சொல்லிச் சம்பாதிக்கிறான். 1861-இல் இருந்து தேயிலை ஏலம் நடக்கிற ஊர் இல்லையா, இந்த வேலைக்கு மரியாதை உண்டு. ஆறு வருடம் ஒரு கம்பெனியில் இருந்துவிட்டு இன்னொன்றுக்கு மாறினான். பழைய கம்பெனி நோட்டீசில் இரண்டு புகார். விலகி இரண்டு வருடத்துக்கு வேறு தேயிலைக் கம்பெனியில் சேரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். எங்கள் கலவை ரகசியத்தையும் வாடிக்கையாளர் விவரத்தையும் கொண்டுபோய்விட்டாய். நஷ்ட ஈடு பத்து லட்சம்.

முதல் புகாரைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காரணம், பி.காமில் மெர்க்கன்டைல் லா பேப்பருக்கு நான் அர்த்தம் தெரியாமல் உருப்போட்ட ஒரு பெயர்: மாதவ் சந்தர் எதிர் ராஜ்குமார் தாஸ், 1874.

இதே கல்கத்தாவில் ஒரே பகுதியில் இரண்டு பித்தளைப் பாத்திரக்காரர்கள். மாதவ் சந்தரின் போட்டி தாங்காமல் ராஜ்குமார் தரப்பு ஒரு பேரம் பேசியது: இந்தப் பகுதியில் நீ கடையை மூடு, வேலைக்காரர்களுக்கு நீ கொடுத்த முன்பணம் 900 ரூபாயை நாங்கள் தந்துவிடுகிறோம். அவரும் நம்பி மூடிவிட்டார். இவர்கள் பணம் தரவில்லை. வழக்கில் தலைமை நீதிபதி சர் ரிச்சர்ட் கவுச் என்ன சொன்னார் தெரியுமா? 1872 ஒப்பந்தச் சட்டம் 27-வது பிரிவுப்படி, ஒருவன் தொழில் செய்வதைத் தடுக்கிற ஒப்பந்தம் செல்லாது. ஒரு தெருவுக்கு மட்டும் என்று சின்னதாகத் தடுத்தாலும் செல்லாது. அதனால் 900 ரூபாயும் கிடையாது! பாவம் மாதவ் சந்தர், கடையும் போய் காசும் போய், நூற்றைம்பது வருடமாக நம்மையெல்லாம் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்.

தேயிலைக்கே ஒரு வழக்கு உண்டு. 1885-இல் பிரம்மபுத்ரா டீ கம்பெனி, ஸ்கார்த் என்ற ஊழியர் மேல் போட்டது. வேலையில் இருக்கும்போது போட்டித்தொழில் செய்யாதே என்பது சரி, போன பிறகு ஐந்து வருடம் செய்யாதே என்பது செல்லாது என்று கல்கத்தா ஹைகோர்ட் சொல்லிவிட்டது. 1967-இல் கோலிகாரி வழக்கில் சுப்ரீம் கோர்ட் ஊழியருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது உண்மைதான். ஆனால் அவர் ஐந்து வருட ஒப்பந்தம் முடியும் முன்பே டயர் கார்டு நூல் ஆலையில் இருந்து போட்டிக் கம்பெனிக்குப் போனவர்.

(அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கிறவர்களுக்கு: நம் 27-வது பிரிவும் கலிபோர்னியாவின் இதே மாதிரிச் சட்டமும் டேவிட் டட்லி ஃபீல்டு எழுதிய நியூயார்க் வரைவில் இருந்து பிறந்த அண்ணன் தம்பிகள். இரண்டும் 1872. அங்கே இஷ்டம்போல் கம்பெனி மாறுகிறார்களே, அந்தச் சுதந்திரத்துக்கு நாமும் பங்காளிதான்.)

இவ்வளவையும் நான் கெத்தாகச் சொல்லி முடித்தேன். பையன் முகம் தெளியவே இல்லை. பாங்கில் இத்தனை வருடம் கடன் கேட்டு வருகிறவர்களின் முகத்தைப் பார்த்த அனுபவம் சும்மாவா.

"ஏலே, மெயில்ல ஏதாவது அனுப்பிக்கிட்டியா?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு சொன்னான். கடைசி வாரம், கலவை விகிதம் போட்டிருந்த எக்செல் ஷீட் ஒன்றைத் தன் சொந்த மெயிலுக்கு அனுப்பியிருக்கிறான். "நான் போட்டதுதானே மாமா அது. ராத்திரி பகலா நான் ருசி பாத்துப் போட்டது."

மறுநாள் லீவு போட்டுவிட்டு ஓல்ட் போஸ்ட் ஆபீஸ் தெருவில் ஒரு வங்காளி வக்கீலிடம் கூட்டிப்போனேன். அவர் 27-வது பிரிவைப் பற்றி இரண்டே நிமிடம்தான் பேசினார். மீதி முக்கால் மணி நேரமும் அந்த ஷீட்தான். நாக்கில் இருக்கிற ருசியும் கைப்பழக்கமும் உன்னுடையது, யாரும் பிடுங்க முடியாது. சம்பளம் வாங்கிக்கொண்டு போட்ட அட்டவணை அவர்களுடையது. வியாபார ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் இல்லாமலே, நம்பிக்கைத் துரோகம், ஒப்பந்த மீறல் என்று கோர்ட்டுகள் பல காலம் தடை உத்தரவு கொடுத்து வந்திருக்கின்றன. 2024 மார்ச்சில் சட்ட ஆணையம் 289-வது அறிக்கையில் தனிச் சட்டத்துக்கு வரைவே எழுதிக் கொடுத்தது என்றார். பையன் உடனே மெயிலை அழித்துவிடட்டுமா என்று கேட்டான். மனிதர் மேஜையைத் தட்டினார். அழித்தால்தான் திருடன். அப்படியே வைத்திரு, யாருக்கும் கொடுக்கவில்லை, திருப்பித் தருகிறேன் என்று எழுதிக் கொடு.

திரும்பும்போது மெட்ரோவில், "உங்க பாங்குல இந்தத் தொல்லையெல்லாம் கிடையாதுல்லா" என்றான். ஏன் கிடையாது? விஜயா பாங்கில் 2007-இல் ஒரு பதவிக்கு வந்த அதிகாரி மூன்று வருட பாண்டு முடியும் முன்பே 2009-இல் விலகி, இரண்டு லட்சம் கட்டிவிட்டு வழக்குப் போட்டார். 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட் பாண்டு செல்லும் என்றது. போகக்கூடாது என்று சொல்லவில்லை, பாதியில் போனால் பணம் கட்டு என்றுதான் சொல்கிறது, ஆள் எடுக்க அரசு வங்கிக்குச் செலவாகிறது என்பது நியாயம். எனக்கு அதில் பாதி சம்மதம். புதிதாகச் சேர்கிற கிளார்க்குப் பையனுக்கும் இதே தொகை போட்டால் அது சங்கிலிதான்.

அன்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு என் மேஜை டிராயரைத் திறந்தேன். பழைய கிளையில் இருந்து மாற்றலாகி வரும்போது, பெரிய டெபாசிட்காரர்களின் பெயரும் நம்பரும் முதிர்வுத் தேதியும் எழுதிக்கொண்டு வந்த டைரி அப்படியே இருந்தது. பழக்கம்தானே, விசேஷத்துக்கு வாழ்த்துச் சொல்லத்தானே என்றுதான் அப்போது எழுதினேன். வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "இந்த நேரத்துல என்ன தேடுறீங்க?" என்றாள்.

பையனின் பதில் கடிதம் போய் மூன்று வாரம் ஆகிறது. பழைய கம்பெனியில் இருந்து சத்தமில்லை. புதிய இடத்தில் தினமும் உறிஞ்சித் துப்பிக்கொண்டிருக்கிறான். அக்கா நேற்று போனில், "அவன் ஏன் ஒரு மாதிரி பேசுதான்?" என்று கேட்டாள். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது, தொண்டை கட்டியிருக்கும் என்று சொல்லி வைத்தேன்.