ராம் வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

லேப்டாப் ஆமை மாதிரி நகருதா? பக்கத்து சீட்டு நண்பன் உடனே என்ன சொல்வான்? "ராம் போடு மச்சி, பறக்கும்!" அவன் சொல்றதுல பாதிதான் உண்மை. போடுற ராம் முழுசையும் உங்க ஆபரேட்டிங் சிஸ்டம் ஏத்துக்குமா? இதை யாரும் கேட்கறதில்லை. கேட்காம விட்டா, காசு போச்சு!

விழுப்புரம் பக்கம் இருக்கிற காணைதான் எங்க ஊர். 2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசு விலையில்லா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. அதுக்கப்புறம்தான் எங்க தெருவுக்குள்ளே முதல் கம்ப்யூட்டர் நுழைஞ்சது. ஆரம்ப வருஷங்களில் வந்த பல லேப்டாப்புகளில் 2 ஜி.பி. ராம். உள்ளே ரெண்டு ஆபரேட்டிங் சிஸ்டம். ஒண்ணு, விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். இன்னொண்ணு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். ஆன் பண்ணினதும் எது வேணும்னு கேட்கும். தெருவே விண்டோஸைத்தான் தட்டும். அதில் வால்பேப்பர்கூட மாத்த முடியாது. எல்லார் வீட்டு ஸ்கிரீனும் ஒரே மாதிரி இருக்கும்!

எதிர்வீட்டு அக்கா கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம். பிராஜெக்ட்டுக்காக ரெண்டு சாஃப்ட்வேரைச் சேர்த்துத் திறந்தா லேப்டாப் மூச்சு வாங்கும். அவங்க அம்மா கரும்பு வெட்டப் போன கூலியில் ஆயிரத்துச் சொச்சம் எடுத்துக் கொடுத்தாங்க. விழுப்புரத்தில் ஒரு கடையில் ராமை 4 ஜி.பி. ஆக்கிட்டு வந்தாச்சு. திறந்து பார்த்தா, "இருப்பது 4 ஜி.பி., பயன்படுவது 2 ஜி.பி."ன்னு காட்டுது! கடைக்காரர் திருப்பி எடுத்துக்க மாட்டேன்னுட்டார். அந்த அம்மா கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கு: "பொருள் நல்லாத்தானே இருக்கு, அப்புறம் ஏன் எண்ண மாட்டேங்குது?"

நல்ல கேள்வி. உங்க ஹாஸ்டலை நினைச்சுக்கோங்க. வார்டன் ரிஜிஸ்டரில் ரூம் நம்பருக்கு ரெண்டே கட்டம். 00-ல் இருந்து 99 வரை நூறு ரூம்தான் எழுதலாம். நூத்தியொண்ணாவது ரூம் கட்டினாலும் எழுத இடம் இல்லை. 32 பிட் சிஸ்டமும் அப்படித்தான். 2-ஐ 32 தடவை பெருக்கினா 4,29,49,67,296. அத்தனை பைட்டுக்குத்தான் கதவிலக்கம். அதுதான் 4 ஜி.பி. அதிலும் கிராபிக்ஸ் கார்டு மாதிரி சாதனங்கள் கொஞ்சம் நம்பரை எடுத்துக்கும். அதனாலதான் 32 பிட் விண்டோஸ் பல சிஸ்டங்களில் மூணேகால் ஜி.பி. கிட்டே நின்னுடும். இது கணக்கு போட்ட பூட்டு. இதைத் தாண்டவும் வழி இருந்துச்சு. 1995-ல் வந்த பென்டியம் புரோ சிப், முகவரியை 36 பிட்டாக நீட்டி 64 ஜி.பி. வரை போக விட்டது.

ஆனா அக்கா லேப்டாப்பில் நின்னது 4-ல் இல்லையே, 2-ல்! அங்கேதான் விஷயம். ஸ்டார்ட்டர் பதிப்புக்கு மைக்ரோசாஃப்ட் வைத்த வரம்பே 2 ஜி.பி.தான். அதே விண்டோஸ் 7-ன் 64 பிட் பதிப்புகளைப் பாருங்க. ஹோம் பேசிக்குக்கு 8, ஹோம் பிரீமியத்துக்கு 16, புரொஃபஷனலுக்கும் அல்டிமேட்டுக்கும் 192 ஜி.பி. ஹாஸ்டலில் ரூம் இருக்கு, நம்பரும் இருக்கு. ஃபீஸ் கம்மியா கட்டினதால மாடியைப் பூட்டிட்டாங்க, அவ்வளவுதான். ஸ்டார்ட்டர் விலை குறைஞ்ச பதிப்பு. இது விலைப்பட்டியல் போட்ட பூட்டு!

அப்போ அக்கா காசு போச்சா? இல்லை. ஒரு ராத்திரி, ஆன் பண்ணும்போது வந்த லிஸ்ட்டில் பாஸ் லினக்ஸைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தோம். அதே மிஷின், அதே ராம். 2-ஐத் தாண்டி எண்ணிடுச்சு! லினக்ஸில் காசுக்கேத்த மாதிரி மாடியைப் பூட்டும் வழக்கம் இல்லை. பழகக் கொஞ்ச நாள் தடுமாறினாங்க. ஆனா பிராஜெக்ட்டை அதிலேயேதான் முடிச்சாங்க.

இப்போ காலம் மாறிப்போச்சு. விண்டோஸ் 11 ஹோம் 128 ஜி.பி. வரை ஏத்துக்கும், புரோ 2 டி.பி. வரை. தமிழக அரசும் 2025 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட்னு அறிவிச்சு, 8 ஜி.பி. ராம் லேப்டாப்புக்கு டெண்டர் விட்டது. அதனால இன்னிக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் உங்களை மறிக்கிறது அபூர்வம். மறிப்பது மதர்போர்டு. மெல்லிசான பல லேப்டாப்புகளில் ராமை போர்டிலேயே பற்ற வெச்சிடறாங்க. கழற்றவும் முடியாது, கூட்டவும் முடியாது.

ஆகவே மக்களே, பர்ஸைத் திறக்கும் முன்னே மூணே கேள்வி. ஒண்ணு, சிஸ்டம் 32 பிட்டா, 64 பிட்டா? ரெண்டு, எந்தப் பதிப்பு, அதன் வரம்பு எவ்வளவு? மூணு, மதர்போர்டில் காலி ஸ்லாட் இருக்கா, அது எவ்வளவு தாங்கும்? டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தா ஸ்லாட் கணக்கு தெரிஞ்சுடும். செலவு, அஞ்சு நிமிஷம்.

பரண்மேல ஒரு பழைய அரசு லேப்டாப் தூங்குதா? விண்டோஸ் 7-க்கு ஆதரவு 2020 ஜனவரி 14-லேயே முடிஞ்சுபோச்சு. ஒரு லேசான லினக்ஸைப் போட்டு, ப்ளஸ் டூ படிக்கும் தம்பி, தங்கச்சி கையில் கொடுங்க. பூட்டு எங்கே இருக்குன்னு தெரிஞ்சவங்க, அடுத்தவங்களுக்கும் காட்டிக் கொடுக்கணும்ல!