குரல் எங்கே உடைந்தது?

வீட்டுக் கணினியிலே பாட்டோ பாடமோ கேட்கும்போது ஒலி கரகரக்கத் தொடங்கினால், நம்மவர் பெரும்பாலும் செய்யும் முதற் காரியம் ஒலிபெருக்கியின் தலையிலே ஒரு தட்டுத் தட்டுவது. இரண்டாவது, இணைப்புக் கம்பியைக் கழற்றித் திரும்ப மாட்டுவது. மூன்றாவது, புதிய ஒலிபெருக்கி வாங்க நகரத்துக்குப் புறப்படுவது. இவற்றால் சிற்சில வேளை பயன் கிட்டுவதும் உண்டு. ஆயினும், கெட்டது யாதென்று அறியாமலே அது திருந்திவிட்டால், அடுத்த மாதம் மீண்டும் கெடும்போது மறுபடியும் தட்டவேண்டியதுதான்.

கணினியின் ஒலி ஒரு நீண்ட வழியைக் கடந்தே நம் செவிக்கு வருகின்றது. கோப்பிலே அது வெறும் எண்களாக உறங்குகின்றது. அவ்வெண்களை ஒரு மென்பொருள் வாசிக்கின்றது. கணினியின் ஒலிப்பகுதி அவற்றை மின்னலைகளாக மாற்றுகின்றது. கம்பி அவ்வலைகளைக் காவிச் செல்ல, பெருக்கி அவற்றை வலிமைப்படுத்த, ஈற்றிலே ஒலிபெருக்கியின் கூம்பு அதிர்ந்து காற்றை அசைக்கின்றது. இவற்றுள் எவ்விடத்தில் ஊறு நேர்ந்தாலும் செவிக்குக் கேட்பது ஒரே கரகரப்புத்தான். ஆதலின், வழியை நடுவிலே மறித்துப் பார்ப்பதே அறிவுடைமையாகும். அதே கோப்பைக் கைத்தொலைபேசியிலே போட்டுக் கேளுங்கள். அங்கும் கரகரத்தால் குற்றம் கோப்பினுள்ளே இருக்கின்றது. அங்கே நன்றாகக் கேட்டால் கோப்பு நிரபராதி. பின்னர் கணினியிலே ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டு இயர்போனை மாட்டிப் பாருங்கள். இவ்விரண்டு சோதனைக்கும் ஐந்து நிமிடம் போதும். காசு ஒரு சதமும் செல்லாது.

ஒலித்திரிபு எல்லாம் ஒரே இனத்தது அன்று என்பதையும் இங்கே சொல்லவேண்டும். இடைவிடாத 'ஊம்' என்ற இரைச்சல் பெரும்பாலும் மின்சாரத்தின் வேலை. நம் நாட்டு மின்னோட்டம் செக்கனுக்கு 50 சுற்றுக்கள் மாறிமாறி ஓடுவது. அதன் அதிர்வு கம்பி வழியே புகுந்துவிட்டால் இவ்விரைச்சல் பிறக்கும். மடிக்கணினியின் மின்னேற்றியைக் கழற்றியதும் இரைச்சல் நின்றுவிட்டால் காரணம் வெளிப்பட்டுவிடும். சத்தம் சிறிதாயினும் பெரிதாயினும் இடையிடையே 'டப் டப்' என்று வெடித்தால், கணினி ஒரே வேளையிலே பல வேலைகளைத் தலையிற் சுமந்துகொண்டு, எண்களை உரிய நேரத்திலே அனுப்ப முடியாமல் திணறுகின்றது என்று கொள்ளலாம். அல்லது செருகி தளர்ந்திருக்கலாம். குரல் இளைத்து, விரைந்து, சிறுபிள்ளையின் குரல்போல் ஒலித்தால் அது வேறொரு கதை. செக்கனுக்கு 44,100 தடவை அளந்து பதிந்த ஒலியை, 48,000 என்ற கணக்கிலே ஓட்டினால், வேகம் நூற்றுக்கு ஒன்பது பங்கு அளவில் கூடி, சுருதியும் ஏறக்குறைய ஒன்றரைச் சுரத்தானம் உயர்ந்துவிடும்.

இதற்கு நேர்மாறான அனுபவம் எம் வயதினர்க்கு உண்டு. 1990களின் முற்பகுதியிலே யாழ்ப்பாணத்திலே மின்சாரம் இல்லை. பற்றரியும் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்திலே வானொலியும் பாட்டுப் பெட்டியும் கேட்டோம். சுற்றுகின்ற பிள்ளையின் கை சோர்ந்தால் பாடகரின் குரலும் சோர்ந்து இழுபடும். அப்பொழுது எவரும் பாட்டுப் பெட்டியைக் குறை கூறுவதில்லை, சுற்றுபவனைத்தான் ஏசுவார்கள். பிழை எவ்விடத்திலென்று அன்று எல்லோருக்கும் கண்முன்னே தெரிந்தது. இக்காலத்துக் கணினியிலே வழி முழுவதும் பெட்டிக்குள் மறைந்திருப்பதாற்றான் இத்தனை மயக்கம்.

இனி, யாவற்றிலும் மிகுதியாகக் காணப்படும் திரிபு ஒன்றுண்டு. மெல்லப் பேசும் இடங்களிலே குரல் தெளிவாயிருக்கும். உரத்துப் பேசும் இடங்களிலே மட்டும் கிழியும். இது அளவு மீறியதன் அடையாளம். கணினியிலே சத்தத்தைக் கூட்டும் இடம் ஒன்றல்ல. பாட்டு ஓட்டும் மென்பொருளிலே ஒன்று, விண்டோசிலே ஒன்று, ஒலிபெருக்கியின் திருகு ஒன்று என்று குறைந்தது மூன்றாவது இருக்கும். சில மென்பொருள்கள் நூறு விழுக்காட்டுக்கு அப்பாலும் கூட்ட இடந்தருகின்றன; அந்த வசதியை நாம் ஒருபோதும் விரும்பியதில்லை. முதலிரண்டையும் சற்றே தாழ்த்தி, திருகை உயர்த்தினால் இத்தகைய கிழிசல் பல வேளைகளில் நீங்கிவிடும். ஆனால், பதியும்போதே அளவு மீறியிருந்தால் எத்திருகும் உதவாது. அதன் கொடுமையை எமது ஒழுங்கையிலேயே கண்டோம்.

எமது வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஓர் ஆச்சி வசிக்கின்றார். அவருடைய கணவர் 1986ஆம் ஆண்டிலே, கனடா சென்ற மூத்த மகனுக்கு ஒரு கசெற்றிலே பேசி அனுப்பியிருந்தார். அக்காலத்திலே கடிதத்தோடு கடிதமாகக் கசெற்றுக்களும் கடல் கடந்தன என்பதை முதியோர் அறிவர். சில ஆண்டுகளில் அவர் காலமானார். அவரது குரல் பதிந்த பொருள் உலகத்திலே அது ஒன்றுதான். மகன் அதனைப் பொன்போற் காத்துவைத்திருந்து, ஊருக்கு வந்தபோது தாயிடம் கொடுத்துச் சென்றார். அதைக் கேட்பதற்குரிய கருவி வீட்டிலே இல்லை. நகரத்திலே ஒரு கடையிலே கொடுத்துக் கணினிக்கு ஏற்ற கோப்பாக மாற்றுவித்தார்கள்.

வந்த கோப்பிலே குரல் கிழிந்து கிடந்தது. மனிதர் பேசுகின்றார் என்பது தெரிந்ததேயன்றி, இன்னார் பேசுகின்றார் என்பது தெரியவில்லை. மகள் புதிய ஒலிபெருக்கி வாங்கினார். உயர்தரத்திலே தொழினுட்பப் பிரிவிற் படிக்கும் பேரன் விண்டோசையே அழித்துவிட்டு மீளப் பதித்தான். குரல் திருந்தவில்லை. "கசெற் பழுதாப் போச்சுது தம்பி, இனி அவரின்ர குரலும் இல்லை" என்று ஆச்சி எம்மிடம் கூறியபோது அழவில்லை. அழுது முடித்தபின் சொன்னதுபோல இருந்தது.

கோப்பை எமது தொலைபேசியிலே கேட்டோம். அங்கும் அதே கிழிசல். ஆகவே ஒலிபெருக்கிக்கும் விண்டோசுக்கும் இதிலே பங்கில்லை. பின்னர் ஓடாசிற்றி என்னும் இலவச மென்பொருளிலே திறந்து அலைகளின் உருவத்தைப் பார்த்தோம். எறிகணை பட்டுத் தலையிழந்த பனைகளை இவ்வூரார் கண்டிருக்கின்றனர். அவற்றிலாவது ஒன்று நெடிது, ஒன்று குறிது. இங்கே அலைகள் யாவும் ஒரே மட்டத்திலே, கயிறு பிடித்து அறுத்தாற்போலத் தட்டையாக நின்றன.

காரணத்தை மாணவர்களுக்காகச் சற்று விரித்துக் கூறுவோம். இறுவட்டின் முறைப்படி, ஒலியின் ஒவ்வொரு கணத்து உயரமும் -32,768 முதல் 32,767 வரையுள்ள ஓர் எண்ணாக எழுதப்படுகின்றது. அதற்கு மேல் எண் இல்லை. வருகின்ற ஒலி அந்த எல்லையிலும் உயர்ந்தால், எவ்வளவு உயர்ந்தாலும் எழுதப்படுவது அந்த ஒரே எண்தான். அலையின் முடி எங்கோ ஒளிந்திருக்கவில்லை, அது எழுதப்படவேயில்லை. அறுந்த முடியைப் பக்கத்து எண்களைக் கொண்டு ஊகித்து நிரப்பும் உபாயங்கள் மென்பொருள்களிலே உண்டு. அங்கொன்றும் இங்கொன்றுமாக அறுந்திருந்தால் அவை உதவும். பேச்சு முழுவதுமே அறுந்திருக்கும்போது, ஊகத்தைத் தந்தையின் குரலென்று பிள்ளைகளுக்குக் கொடுப்பதெப்படி?

ஆயினும் அந்தத் தட்டையான உருவமே எமக்கு நம்பிக்கை தந்தது. காந்த நாடாவும் அளவு மீறினாற் கெடும். ஆனால் அது படிப்படியாகவே இளைக்கும். அலையின் முடி வளைந்து மழுங்குமேயன்றிக் கத்தியால் அறுத்ததுபோல் ஆகாது. ஆகவே குரல் உடைந்தது நாடாவில் அன்று, படியெடுத்த இடத்திலே என்று துணிந்தோம். கசெற் பாடும் பெட்டியின் இயர்போன் துளையிலிருந்து கம்பி எடுத்து, கணினியின் ஒலிவாங்கித் துளையிலே நேரே செருகியிருப்பார்கள் போலும். ஒலிவாங்கித் துளை ஒரு வோல்ற்றின் ஆயிரத்திற் சில பங்கை எதிர்பார்த்து, வருவதைப் பல மடங்கு பெருக்குவது. பாட்டுப் பெட்டியோ அதனிலும் நூறு மடங்குக்குமேல் வலிய ஒலியை அனுப்பக்கூடியது. சிரட்டையை ஏந்தி நிற்பவனிடம் கிணற்றுத் துலாவைக் கவிழ்த்ததுபோலத்தான்.

ஆச்சியிடம் கசெற்றையே கேட்டு வாங்கினோம். அதனை உடனே பெட்டியிற் போட எமக்கு மனம் துணியவில்லை. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகஞ்செய்த இந்தக் கசெற்றிலே ஓடும் நாடா நாலு மில்லிமீற்றர் அகலமும் இல்லாதது. நாற்பது ஆண்டுப் பழமை வேறு. அது அறுந்தாலோ பெட்டிக்குள் சிக்கினாலோ சோதனையோடு எல்லாம் முடிந்துவிடும். ஆகவே, ஒருவருக்கும் வேண்டாத பழைய சினிமாப் பாட்டுக் கசெற் ஒன்றைத் தேடிப்பிடித்து, எல்லாப் பரீட்சைகளையும் அதன்மீதே நடத்தினோம். பெட்டியின் காந்தத் தலையைப் பஞ்சிலே அற்ககோல் தோய்த்துத் துடைத்தோம். கணினிக்கு, வலுவான ஒலியையே ஏற்கும் துளையுள்ள சிறிய யூ.எஸ்.பி. ஒலிக்கருவி ஒன்றை இரவல் வாங்கினோம். ஒலியை 'அழகுபடுத்துவதாக' விண்டோசிலே உள்ள அமைப்புக்களை நிறுத்தினோம். அவை இரைச்சலைத் தின்னும்போது சொற்களின் ஈற்றையும் சேர்த்துத் தின்பதுண்டு. பாட்டிலே மேளம் உரக்க முழங்கும் இடத்திலும் அலையின் உச்சி, எல்லைக்கு 6 டெசிபெல் கீழே, அதாவது ஏறக்குறைய அரைவாசி உயரத்திலே நிற்குமாறு அளவை அமைத்தோம்.

பேரனுக்கு அது திருப்தியளிக்கவில்லை. "சேர், சத்தம் குறைவாயெல்லோ இருக்கு?" என்றான்.

"குறைஞ்சால் பிறகு கூட்டலாம் தம்பி; வெட்டுப்பட்டால் பிறகு ஒட்டேலாது" என்றோம்.

அதன்பின்னரே ஆச்சியின் கசெற்றைக் கையிலெடுத்தோம். தற்செயலாகப் பதிவுப் பொத்தான் அமுங்கினாலும் அழியாதபடி, அதன் முதுகிலுள்ள இரண்டு சிறு தகட்டையும் முன்னரே உடைத்துவிட்டிருந்தார் அந்தப் பெரியவர். அவருடைய நிதானத்தை வியந்தோம். நாடாவைக் காந்தத் தலையோடு அணைக்கும் சிறு பஞ்சுத்துண்டும் கழன்றுவிடாமல் இருந்தது. பென்சிலைத் துளையிலே விட்டு மெதுவாகச் சுற்றி, நாடா ஒட்டிப்பிடிக்கவில்லை என்று கண்டபின் பெட்டியிலே போட்டோம்.

முதலிலே நாடாவின் 'ஸ்ஸ்' என்ற ஓசை. பிறகு எங்கோ ஒரு சேவல் கூவியது. பிறகு ஒருவர் தொண்டையைச் செருமினார். ஆச்சி கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டார். வளவிலே நின்ற மாமரம் காய்த்தது, பசு கன்று ஈன்றது, தங்கச்சிக்குச் சம்பந்தம் பேசுவது என்று ஒவ்வொன்றாக ஆறுதலாகச் சொல்லிக்கொண்டு போகின்றார் அவர். குரல் சிறிதும் கிழியவில்லை. மகனின் பெயரைச் சொல்லி அழைக்கும் இடங்களிலே மட்டும் சற்று நெரிகின்றது. அவ்விடங்களிலே ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோய் உரத்துக் கூப்பிட்டிருக்கின்றார். அத்திரிபு 1986இலேயே நாடாவிலே ஏறியது. எம்மால் ஆகக்கூடியது அதனைச் சற்றுத் தணித்து வைப்பதே. அப்படிச் செய்யலாமா என்று ஆச்சியைக் கேட்டோம்.

"வேண்டாம் தம்பி, அது அப்பிடியே இருக்கட்டும். கனடா தூரமெண்டு நினைச்சுக் கத்தினவர்" என்றார்.

முப்பது நிமிடம் ஓடும் ஒரு பக்கம், ஒற்றைத் தடத்திலே, சுருக்காமல் வைத்தால் ஏறக்குறைய 159 மெகாபைற்று ஆகின்றது. தொலைபேசியிலே கேட்பதற்குச் சுருக்கிய படி ஒன்று வேறாக எடுத்தோம். சுருக்காத படியை இரண்டு இடங்களிலே வைக்கச் சொன்னோம். கசெற்றை ஒலிபெருக்கிக்குப் பக்கத்திலே வைக்கவேண்டாம் என்றும் கூறினோம். அதனுள்ளே இருப்பது காந்தம்.

படியொன்று ரொறன்ரோவுக்கும் போயிற்று. மறுநாட் காலையிலே மகனிடமிருந்து செய்தி வந்தது: அப்பாவின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கின்றதாம், பதிவிலே பிழையா என்று வினவியிருந்தார். நாம் இங்கே அதே கோப்பைக் கேட்டோம், பிழையில்லை. எதிலே கேட்கின்றீர்கள் என்று விசாரித்தோம். புளூடூத் தலையணிக் கருவியிலே என்றார். அலுவலகக் கூட்டத்துக்குரிய மென்பொருளும் கணினியிலே திறந்தபடி கிடந்தது. அத்தகைய மென்பொருள் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டால், புளூடூத் கருவி பாட்டுக் கேட்கும் முறையைக் கைவிட்டுத் தொலைபேசிப் பேச்சுக்குரிய ஒடுங்கிய முறைக்கு மாறிவிடும். இணையவழியிலே பாடங் கேட்கும் பிள்ளைகள் பலர், ஆசிரியரின் குரல் திடீரென அடைத்துப்போவதாக முறையிடுவதற்கும் இது ஒரு காரணம். அந்த மென்பொருளை மூடிவிட்டு, கம்பியுள்ள இயர்போனிலே கேட்கும்படி எழுதினோம்.

ஒரு மணித்தியாலத்தில் மறுமொழி வந்தது. "இப்ப சரி சேர். சேவல் கூவுறதும் கேக்குது."