பிள்ளைகளிடம் நாம் கற்க வேண்டிய ஈமான்



நங்கநல்லூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் மொட்டைமாடியில் நின்றால் பரங்கிமலை தெரியும். அக்கட்டடத்தில் முஸ்லிம் குடும்பம் எங்களுடையது ஒன்றே. கிறித்தவக் குடும்பம் எதிர்வீட்டாருடையது ஒன்றே. அவர்கள் கத்தோலிக்கர். அவர்களுடைய மகளும் எங்கள் மகனும் நான்காம் வகுப்பில் படித்து வந்தார்கள்.

2025ஆம் ஆண்டு ரமலானும் கிறித்தவர்களின் தவக்காலமும் சேர்ந்தே வந்தன. மார்ச் 2ஆம் தேதி நமக்கு முதல் நோன்பு. நான்காம் நோன்பன்று, மார்ச் 5ஆம் தேதி, அவர்களுக்குச் சாம்பல் புதன். பிள்ளைகள் இருவரும் மாடிப்படியில் அமர்ந்து தத்தம் நோன்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதைப் பலமுறை கேட்டோம். தண்ணீரும் குடிக்கக் கூடாதா என்று அவள் வியப்பாள். நாற்பது நாளும் மிட்டாய் தின்ன மாட்டாயா என்று இவன் வியப்பான்.

அஸர் தொழுகைக்குப் பின் ஆலந்தூர்ப் பக்கத்துப் பள்ளிவாசலிலிருந்து கொண்டுவரும் நோன்புக் கஞ்சியில் ஒரு தூக்கு எதிர்வீட்டுக்குப் போவது எங்கள் வழக்கம். ஒரு நாள் அந்தத் தூக்கைத் திருப்பிக் கொடுக்க வந்த சகோதரர் வாசலிலேயே நின்று, சிரித்தபடி ஒரு செய்தியைச் சொன்னார்.

தவக்காலத்தில் பிள்ளைகள் சிறுகச் சிறுகச் சேர்த்த காசை ஏழைகளுக்கெனக் கோயிலில் காணிக்கையாகக் கொடுப்பார்கள். அவர் மகளும் ஓர் உண்டியலில் சேர்த்து வந்தாள். மறைக்கல்வி வகுப்பில் அவளுக்கு ஒரு பாடம் நடந்தது. காணிக்கை செலுத்த வரும்போது சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு, முதலில் போய் அவனோடு சமாதானம் செய்துகொள் என்னும் கருத்து மத்தேயு நற்செய்தியில் வருகிறதாம். வீட்டுக்கு வந்த சிறுமி, “அப்பா, நீங்கள் சித்தப்பாவோடு பேசுவதில்லையே, அப்படியென்றால் நம் வீட்டுக் காணிக்கையைக் கடவுள் எடுத்துக்கொள்வாரா?” என்று கேட்டிருக்கிறாள். அவர் பேசும்வரை உண்டியலில் காசு போடப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டாளாம்.

சொல்லி முடிக்கும்போது அவர் முகத்தில் சிரிப்பில்லை. “இந்த வசனத்தை நான் சிறுவயதிலிருந்து கேட்டு வருகிறேன். அவள் ஒரே முறை கேட்டாள்; நம்பிவிட்டாள்” என்றார்.

அன்றிரவு தராவீஹ் முடிந்து திரும்பும் வழியில் நாங்கள் அதிகம் பேசவில்லை. காரணம், எங்கள் வீட்டிலும் அதே கதைதான். ஊரில் உள்ள பூர்வீக வீட்டைப் பங்கிடுவதில் எழுந்த வாக்குவாதத்துக்குப் பின், எங்கள் மகனின் பெரியத்தாவோடு ஆறு ஆண்டுகளாகப் பேச்சில்லை. திருமணங்களில் எதிரெதிரே நின்றும் முகம் திருப்பிக்கொண்டோம். ஒரு முஸ்லிம் தம் சகோதரரை மூன்று நாட்களுக்கு மேல் வெறுத்து ஒதுக்குவது ஆகுமானதன்று என்றும், இருவரில் சிறந்தவர் முதலில் ஸலாம் சொல்பவரே என்றும் நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததை நாம் அறிவோம். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள நபிமொழி அது. எங்கள் மகனுக்கு அதை மனனம் செய்வித்ததே நாங்கள்தாம். ஆனால் அதை ஓதிக்கொடுத்தபோது, ‘எங்கள் விஷயம் வேறு’ என்று உள்ளுக்குள் ஒரு விதிவிலக்கை வைத்திருந்தோம்.

பிள்ளைகளின் நம்பிக்கையில் பெற்றோர் கற்க வேண்டியது இதுவே என்று எங்களுக்குத் தோன்றுகிறது. நம்மைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும் என்பதன்று. நாம் சேர்த்து வைத்திருக்கும் விதிவிலக்குகள் அவர்களிடம் இல்லை. கிறித்தவப் பெற்றோருக்கும் இது பொருந்தும், நமக்கும் பொருந்தும். ஈஸா (அலை) அவர்கள் ஒரு சிறு பிள்ளையைச் சீடர்களின் நடுவே நிறுத்தி, இப்பிள்ளையைப் போல் ஆகுங்கள் என்று அறிவுறுத்தியதாகக் கிறித்தவர்களின் வேதம் கூறுகிறது.

நம் வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. அம்ர் பின் சலிமா (ரழி) அவர்களுக்கு அப்போது வயது ஆறோ ஏழோதான். அவர்கள் வாழ்ந்த நீர்நிலையைக் கடந்து செல்லும் பயணிகளிடம் கேட்டுக் கேட்டே குர்ஆன் வசனங்களை மனத்தில் பதித்துக்கொண்டார்கள். மக்கா வெற்றிக்குப் பின், குர்ஆனை அதிகம் அறிந்தவரே தொழுவிக்க வேண்டும் என்னும் கட்டளையுடன் தந்தை திரும்பி வந்தார். கூட்டத்தார் தேடிப் பார்த்தபோது அச்சிறுவரைவிட அதிகம் அறிந்தவர் எவரும் இல்லை. பெரியவர்கள் அவரை முன்னே நிறுத்தித் தொழுதார்கள். அவருடைய ஆடை குட்டையாக இருந்ததால் துணி வாங்கிச் சட்டை தைத்துக் கொடுத்தார்கள்; அதைப் பெற்றதில் அவருக்கு அளவற்ற மகிழ்ச்சி. புகாரியில் இச்செய்தி உள்ளது. சட்டைக்கு மகிழும் சிறுபிள்ளையின் பின்னால் நிற்க அந்தப் பெரியவர்கள் வெட்கப்படவில்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கையும் தேவை. நம் பகையின் சுமையைப் பிள்ளைகளின் தலையில் வைத்தல் கூடாது. யார் யாரை என்ன சொன்னார், பத்திரத்தில் என்ன இருந்தது என்பதெல்லாம் அவர்கள் அறியாதவை. தூது போவதும் அவர்கள் வேலையன்று. கேள்வி அவர்களுடையதாக இருக்கலாம்; பதில் நம்முடையதாகவே இருக்க வேண்டும்.

எதிர்வீட்டுச் சகோதரர் அடுத்த ஞாயிறு தம்பி வீட்டுக்குப் போய் வந்தார். தம்பி உட்காரச் சொன்னார், தேநீர் கொடுத்தார், அவ்வளவுதான் என்றார். மகள் அன்றே உண்டியலில் காசு போட்டாளாம். பிறகொரு வெள்ளிக்கிழமை, சிலுவைப் பாதையின் 14 நிலைகள் அமைந்த பரங்கிமலைப் படிகளில் தந்தையும் மகளும் ஏறினார்கள். உச்சியில் உள்ள கோயில் போர்த்துக்கீசியர் 1523இல் கட்டியது. பல ஆண்டுகளாகக் கீழே நின்றே பார்த்துவிட்டுப் போன மலை அது என்று அவர் சொன்னார்.

நாங்கள் பதினேழாம் நோன்பன்று இஃப்தாருக்குப் பின் ஊருக்குத் தொலைபேசியில் அழைத்தோம். பெரியத்தா எடுத்தார். ஸலாம் சொன்னோம். சற்று நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, “வஅலைக்கும் ஸலாம்” என்றார். நோன்பு எப்படிப் போகிறது என்று கேட்டார். உம்மாவின் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினோம். வீட்டுப் பங்கைப் பற்றி இரு பக்கமும் வாய் திறக்கவில்லை. அது இன்னும் தீரவும் இல்லை. எங்கள் மகன் தொலைபேசியை வாங்கிக்கொண்டு, தான் எத்தனை நோன்பு வைத்தேன் என்று எண்ணிச் சொன்னான். பெரியத்தா அவனை ஊருக்கு வரச் சொன்னார்.

உங்கள் பிள்ளைகள் மக்தபிலிருந்து ஒரு நபிமொழியைக் கொண்டுவந்து உங்கள் முன் வைத்தால், “நீ சின்னப் பிள்ளை, உனக்குப் புரியாது” என்று சொல்லுமுன் சற்றுப் பொறுங்கள். நாம் ஊட்டிய ஈமானையே அவர்கள் நமக்குத் திருப்பித் தருகிறார்கள். அதைப் பெற்றுக்கொள்ளும் உள்ளத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.